வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கறை: எந்த இஸ்திரிப் பெட்டி நீடித்து உழைக்கும்?

கேள்வி: மேடவாக்கத்தில் குடியிருக்கிறோம். நான்கு ஆண்டுகளில் இரண்டு நீராவி இஸ்திரிப் பெட்டிகள் வீணாகிவிட்டன. முதலாவது சூடாவதே நின்றுபோனது. இரண்டாவது வெள்ளைச் சட்டையில் பழுப்புத் தண்ணீரைக் கக்குகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். கடைக்காரர் 2,400 வாட் பெட்டியை வாங்கச் சொல்கிறார். நீண்ட நாள் உழைக்கும் பிராண்டு எது?

பதில்: எந்த பிராண்டு வாங்கினாலும் போர் தண்ணீரை ஊற்றினால் இதே கதைதான் அம்மா. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த 600 அளவுத் தண்ணீரை 300 மில்லி தொட்டியில் ஊற்றித் தேய்த்தால் நீர் ஆவியாகிப் போகும். ஏறக்குறைய 180 மில்லிகிராம் உப்பு உள்ளேயே தங்கும், அதுவும் ஒவ்வொரு முறையும். அது துளைகளை அடைக்கிறது. துருவும் கஞ்சிப் பிசுக்கும் அதோடு சேர்ந்து கருகிச் சட்டையில் இறங்குகின்றன. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். பேட்டரித் தண்ணீர், ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீர், வினிகர் எதுவும் வேண்டாம். தேய்த்து முடித்ததும் மீதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு நிமிர்த்தி வையுங்கள்.

2,400 வாட் உங்களுக்குத் தேவையில்லை. அது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் அதைத் தாங்காது. பெரிய பிளக்கைச் சின்ன பாயின்ட்டில் பொருத்தும் கன்வெர்ட்டரைச் செருகிச் சமாளிக்கலாம் என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள். பிளக் உருகி வந்த பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு 1,250 வாட் அளவில் ஒன்று போதும். உட்புறத்தைக் கழுவிவிடும் 'செல்ஃப் கிளீன்' பொத்தான் இருக்க வேண்டும். ஒயர் பெட்டிக்குள் நுழையும் கழுத்து நன்றாகச் சுழல வேண்டும், ஏனென்றால் முதலில் அறுபடுவது அங்கேதான். ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழே 'சி.எம்/எல்' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நீட்டித்த வாரன்டி என்று தனியாகப் பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். உப்பு அடைப்பு அதில் சேராது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது உங்கள் முதல் பெட்டியைப் பற்றித்தான். 'சூடாகவில்லை' என்றால் பெரும்பாலும் ஒயர் உள்ளே அறுந்திருக்கும், அல்லது தெர்மல் ஃபியூஸ் போயிருக்கும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு சூடு எல்லை மீறும்போது, தானே உருகி மின்சாரத்தைத் துண்டிக்கும் சின்ன உலோக உருளை அது. பல மெக்கானிக்குகள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு முனைகளையும் முறுக்கி, மேலே ஒயருக்கான ஒரு வெள்ளை உறையைப் போட்டு, 'டைரக்ட் கொடுத்துவிட்டேன், இனி ஃபியூஸ் தொல்லையே இல்லை' என்பார்கள். தொல்லை இல்லைதான், வீடு பற்றி எரியும்வரை. தெர்மோஸ்டாட் மறுபடி ஒட்டிக்கொண்டால் தடுக்க உள்ளே எதுவும் இல்லை. அப்படிப்பட்ட பெட்டியைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரு நிமிடம்கூட வைத்திருக்கக் கூடாது. பழுதுபார்க்கக் கொடுத்தால் கழற்றிய உதிரிபாகத்தைக் கேட்டு வாங்குங்கள். புதியதை மாட்டுமுன் காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. மலிவான அந்த ஃபியூஸைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால் 'தனியாக வராது, முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டும்' என்று புதுப் பெட்டியின் பாதி விலையைச் சொல்கிறார்கள். சாதாரணத் திருப்புளிக்கு அசையாத திருகாணியைப் போட்டு மூடிவைக்கிறார்கள். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022இல் இணையதளம் திறந்தது. இஸ்திரிப் பெட்டி வைத்திருப்பவருக்கு அதனால் என்ன விடிந்தது? சர்வீஸ் சென்டர் எண்ணை இணையத்தில் தேடாதீர்கள், போலி எண்கள் மலிந்து கிடக்கின்றன. வாரன்டி அட்டையில் உள்ள எண்ணையே அழையுங்கள். இழுத்தடித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. நீங்கள் அதிகம் தேய்ப்பது கஞ்சி போட்ட வேட்டியும் பருத்திப் புடவையும் என்றால் நீராவிப் பெட்டியே வேண்டாம். கஞ்சி துளைகளில் ஏறிக் கருகும்; ஆர்.ஓ. தண்ணீர் அதைத் தடுக்காது. முறுக்காகக் காய்ந்த கதர் வேட்டிக்கு வேண்டியது கனமும் சூடும்தான். தண்ணீர் தெளித்துச் சுருட்டி, அரை மணி நேரம் வைத்திருந்து, நீராவி இல்லாத கனமான சாதாரணப் பெட்டியால் அழுத்தித் தேய்த்தால் நிற்கும் மடிப்பு நீராவியில் நிற்காது. அந்தப் பெட்டியில் அடைபடவும் எதுவும் இல்லை, விலையும் குறைவு. இரண்டு வகைத் துணியும் சம அளவில் இருந்தால் இரண்டு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கஞ்சித் துணியை மட்டும் நீராவிப் பெட்டியின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

புதிதாக வாங்குமுன் இரண்டாவது பெட்டிக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். ஆர்.ஓ. தண்ணீரை நிரப்பி, நீராவியை நிறுத்திவைத்து, சூட்டை உச்சத்தில் வையுங்கள். விளக்கு அணைந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே படுக்கைவாட்டில் பிடித்து, செல்ஃப் கிளீன் பொத்தானை அழுத்தியபடி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கொதிநீரும் உப்புத் துகளும் கொட்டும், கை பத்திரம். இரண்டு முறை செய்த பிறகு பழைய துணியில் தேய்த்துப் பாருங்கள். அப்போதும் பழுப்பு இறங்கினால் கடைக்குப் போகலாம்.