கணினி டொமைனில் சேர மறுக்கிறதா? டிஎன்எஸ் கேள்வி பதில்

கணினியை டொமைனில் (அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில்) சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன: டிஎன்எஸ், அதாவது பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரி சொல்லும் சேவை. அதனால் முதல் பதிலை நீளமாகவே எழுதியிருக்கிறேன். உங்கள் கேள்வி வேறாக இருந்தாலும் அதை முதலில் படித்துவிடுங்கள்.

கேள்வி: புதுக் கணினியை டொமைனில் சேர்க்கப் போனால், டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று வருகிறது. இன்டர்நெட் நன்றாக ஓடுகிறது, சர்வர் ஐபிக்குப் பிங்கும் போகிறது. வேறு எங்கே கோளாறு இருக்கும்?

பதில்: உங்கள் கணினி தப்பான ஆளிடம் வழி கேட்கிறது. டொமைன் பெயரைத் தட்டியதும் விண்டோஸ் அந்தப் பெயரின் ஐபியை மட்டும் தேடுவதில்லை. "இந்த டொமைனுக்கு கன்ட்ரோலர் யார்?" என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. அதற்கான விடை எஸ்ஆர்வி ரெக்கார்டில், அதாவது எந்தச் சேவையை எந்த சர்வர் தருகிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவில், இருக்கிறது. விண்டோஸ் 2000-இல் ஆக்டிவ் டைரக்டரி (டொமைனை நடத்தும் மைக்ரோசாஃப்ட்டின் மென்பொருள்) வந்த நாளிலிருந்து இதுதான் முறை. அந்த ரெக்கார்டு அலுவலக டிஎன்எஸ் சர்வரில் இருக்கும், ரவுட்டருக்கோ கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8-க்கோ அது தெரியாது. கேட்டால் "அப்படி ஒரு பெயர் இல்லை" என்றுதான் பதில் வரும்.

பிழைச் செய்தியிலேயே விவரம் காட்டும் பட்டன் ஒன்று இருக்கிறது. பலர் அதை அழுத்தாமலே மூடிவிடுகிறார்கள். அழுத்திப் பாருங்கள். எந்தப் பெயரைத் தேடியது, எந்த டிஎன்எஸ் சர்வர்கள் செட் ஆகியிருக்கின்றன என்று அதிலேயே எழுதியிருக்கும். எண் 232பி என்று முடிந்தால் (தசம எண்ணில் 9003) பெயரே இல்லை என்று சர்வர் சொல்லிவிட்டது. 232ஏ என்றால் (9002) சர்வரால் விடை தேடித் தர முடியவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

அப்புறம் கமாண்ட் விண்டோவில் என்எஸ்லுக்கப் (டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் கருவி) என்று தட்டுங்கள். உள்ளே போனதும் செட் டைப்=எஸ்ஆர்வி கொடுத்து, _எல்டாப்._டிசிபி.டிசி._எம்எஸ்டிசிஎஸ் என்பதோடு ஒரு புள்ளி வைத்து உங்கள் டொமைனின் முழுப் பெயரைச் சேர்த்துக் கேளுங்கள். எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். விடை வரும்போது எல்லோர் கண்ணும் கீழே ஓடிவிடும். மேலே இருக்கும் முதல் இரண்டு வரிகளைப் பாருங்கள்: யாரிடம் கேட்டது என்பது அங்கேதான் இருக்கிறது. அங்கே 192.168.1.1 என்று ரவுட்டரின் முகவரி நின்றால் மேற்கொண்டு தேட வேண்டாம். நெட்வொர்க் கார்டில் டிஎன்எஸ் முகவரியை மாற்றுங்கள். இன்னும் நல்லது, கணினிகளுக்கு ஐபியைத் தானாகக் கொடுக்கும் டிஎச்சிபியில் 6-ஆம் எண் ஆப்ஷனில் அலுவலக டிஎன்எஸ் சர்வரைக் கொடுத்துவிடுங்கள். அடுத்து வரும் கணினிகளுக்கும் சேர்த்துத் தீரும். சரியான விடை என்றால் போர்ட் 389, கன்ட்ரோலரின் பெயர், அதன் ஐபி மூன்றும் வரும்.

கேள்வி: முதல் டிஎன்எஸ்ஸாக அலுவலக சர்வரையும், பாதுகாப்புக்கு இரண்டாவதாக 8.8.8.8-ஐயும் போட்டிருக்கிறேன். சில நாள் சரியாக இருக்கிறது, சில நாள் லாகினே ஆவதில்லை.

பதில்: அந்த இரண்டாவதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். முதல் சர்வருக்குத் தெரியாததை இரண்டாவதிடம் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. "இல்லை" என்பதும் விண்டோஸுக்கு ஒரு பதில்தான், அதோடு நின்றுவிடும். முதல் சர்வர் வாயே திறக்காதபோதுதான் அடுத்ததுக்குப் போகும். போனால் கொஞ்ச நேரம் அங்கேயே தங்கிவிடும். சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நிமிடங்கள் போதும். கணினி 8.8.8.8-க்குத் தாவி, "டொமைன் இல்லை" என்ற பதிலை வாங்கி, அதைக் கேஷிலும் (தற்காலிக நினைவில்) வைத்துக்கொள்ளும். ஓர் அலுவலகத்தில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நான் போய்ச் சேரும் நேரத்துக்கு எல்லாம் சரியாகியிருக்கும். கேபிளையும் சுவிட்சையும் மாற்றிப் பார்த்ததெல்லாம் வீண்.

வெளி இணையதளங்களுக்காகத்தான் 8.8.8.8 போட்டீர்கள் என்றால், அதை அலுவலக டிஎன்எஸ் சர்வரில் ஃபார்வர்டராக, அதாவது தனக்குத் தெரியாததை அது போய்க் கேட்கும் இடமாக, கொடுங்கள். இரண்டாவது முகவரி வேண்டுமென்றால் இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர்தான் வழி. மாற்றிய பின், கேஷில் இருக்கும் பழைய பதில்களை அழிக்க ஐபிகான்ஃபிக் ஃபிளஷ்டிஎன்எஸ் கொடுக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சர்வர் பெயரையும் ஐபியையும் எழுதினால் போதாதா?

பதில்: போதாது. அதில் பெயருக்கு ஐபி மட்டும்தான் எழுத முடியும், எஸ்ஆர்வி எழுத முடியாது. ஏற்கெனவே எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள். நாளைக்கு சர்வர் ஐபி மாறினால் அந்த ஒரு வரி உங்களைச் சுற்றவிடும்.

கேள்வி: ஐபிவி4-இல் டிஎன்எஸ் சரியாகத்தான் இருக்கிறது சார். ஆனாலும் என்எஸ்லுக்கப்பின் முதல் வரியில் எஃப்ஈ80 என்று தொடங்கும் ஏதோ முகவரி வருகிறது.

பதில்: நல்ல வேளை, முதல் வரியைப் பார்த்தீர்கள். அது ரவுட்டரின் ஐபிவி6 முகவரி. ரவுட்டர் "நானும் டிஎன்எஸ்தான்" என்று ஐபிவி6 வழியாக அறிவிக்கிறது, விண்டோஸ் அதை நம்பி அங்கே போகிறது. ரவுட்டரில் ஐபிவி6 வழியாக டிஎன்எஸ் அறிவிப்பதை நிறுத்துங்கள். கணினியில் ஐபிவி6-ஐயே அணைத்துவிடச் சிலர் சொல்வார்கள். மைக்ரோசாஃப்ட் அதைப் பரிந்துரைப்பதில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: சரியான சர்வரிடம்தான் கேட்கிறேன். அதுவே எஸ்ஆர்வி இல்லை என்கிறது.

பதில்: அப்படியானால் கோளாறு சர்வர் பக்கம். எஸ்ஆர்வி ரெக்கார்டுகளை எழுதுவது கன்ட்ரோலரில் ஓடும் நெட்லாகான் சர்வீஸ். முதலில் கன்ட்ரோலரின் நெட்வொர்க் கார்டில் டிஎன்எஸ் எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். அங்கே ரவுட்டரைப் போட்டிருந்தால், தன் ரெக்கார்டைப் பதிய அதற்கு இடமே இல்லை. அதைத் திருத்தி, டிஎன்எஸ் ஜோனில் (டொமைனின் ரெக்கார்டுகள் இருக்கும் இடம்) டைனமிக் அப்டேட் (ரெக்கார்டுகள் தானாகப் பதிவாவது) அனுமதி இருக்கிறதா பார்த்து, நெட்லாகானை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்ச நேரத்தில் ரெக்கார்டுகள் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு கன்ட்ரோலரைச் சோதிக்கும் டிசிடியாக் கருவியில் டிஎன்எஸ் டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள். கன்ட்ரோலருக்கு இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்தால் இரண்டு ஐபியும் பதிவாகியிருக்கலாம். கணினிகளால் எட்ட முடியாததை நீக்க வேண்டும்.

கேள்வி: விபிஎன்னில் இருக்கிறேன். என்எஸ்லுக்கப் சரியான விடை தருகிறது, ஆனால் அதே பெயருக்குப் பிங் போகவில்லை.

பதில்: என்எஸ்லுக்கப் டிஎன்எஸ் சர்வரிடம் தானே நேராகப் பேசும். பிங்கும் டொமைனில் சேரும் வேலையும் விண்டோஸின் ரிசால்வர் (பெயருக்கு விடை தேடித் தரும் பகுதி) வழியாகப் போகும். அதற்குக் கேஷ், ஹோஸ்ட்ஸ் ஃபைல், விபிஎன் போட்ட பெயர் விதிகள் எல்லாம் உண்டு. பவர்ஷெல்லில் ரிசால்வ்-டிஎன்எஸ்நேம் கொடுத்துப் பாருங்கள், அது ரிசால்வர் வழியாகவே போகும். அங்கே தப்பு வந்தால் கேஷைத் துடைத்துவிட்டு ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் விபிஎன் விதிகளையும் பாருங்கள்.

கேள்வி: லினக்ஸ் கணினி. டொமைன் பெயர் டாட் லோக்கல் என்று முடிகிறது. விண்டோஸ் எல்லாம் சேர்ந்துவிட்டது, இது மட்டும் சேரவில்லை.

பதில்: டாட் லோக்கல் 2013-இல் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு (எம்டிஎன்எஸ்) என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. பல லினக்ஸ்களில் அந்தப் பெயரை டிஎன்எஸ் சர்வரிடம் கேட்காமல் பக்கத்துக் கணினிகளிடம் கேட்டுவிட்டு நின்றுவிடும். பெயரை எந்த வரிசையில் எங்கே தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் ஃபைலில் ஹோஸ்ட்ஸ் வரியைப் பாருங்கள். எம்டிஎன்எஸ் என்பது டிஎன்எஸ்ஸுக்கு முன்னால் இருந்தால் பின்னால் தள்ளுங்கள்.

கேள்வி: டிஎன்எஸ் முழுக்கச் சரி, எஸ்ஆர்வியும் வருகிறது. ஆனாலும் சேரவில்லை.

பதில்: கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். சர்வரோடு 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், செட்டிங்கை யாரும் மாற்றாதவரை, லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் ஒத்துக்கொள்ளாது. அடுத்து ஃபயர்வாலில் 88, 135, 389, 445 போர்ட்டுகள். அதிலும் தெரியாவிட்டால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் டீபக் என்ற ஃபோல்டரில், டொமைனில் சேர முயன்றது பதிவாகும் நெட்செட்டப் லாக் இருக்கிறது. அதன் கடைசி இருபது வரிகளை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.