அடிக்கும் கை வீட்டுக்குள்ளேயே இருந்தால்? மாற்றுத்திறனாளிகள் பாதுகாப்பு: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறை. யாருக்குக் கொடுமை நடக்கிறதோ அவர் என்ன சொல்கிறார் என்பது மட்டும் கடிதத்தில் இல்லை. அண்ணன் சொல்வது இருக்கிறது, அத்தை சொல்வது இருக்கிறது, ஊர் சொல்வதும் இருக்கிறது. எழுதுபவர்கள் முதலில் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். வயது, பாதிப்பின் வகை, கடைசிச் சம்பவம் நடந்த தேதி இல்லாத கடிதத்துக்கு உருப்படியான பதில் சொல்ல முடியாது. கீழே வெறுமனே 'சட்டம்' என்று நான் சொல்வதெல்லாம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

எதிர்வீட்டில் அறிவுசார் குறைபாடு உள்ள 30 வயது இளைஞரை அவருடைய அண்ணன் அடிக்கும் சத்தம் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கேட்கிறது. நான் உறவினர் இல்லை. புகார் கொடுக்கலாமா?
*வாசகர், விழுப்புரம்*

தாராளமாக. 7-ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கொடுமை நடந்தது, நடக்கிறது, நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் இருந்தால் போதும். மனு போக வேண்டிய இடம் நிர்வாக நடுவர், அதாவது நம் நடைமுறையில் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார். அவர் உடனே தடுத்தாக வேண்டும். மீட்கச் சொல்லிப் போலீசுக்கு உத்தரவிடலாம், பராமரிப்புத் தொகை கொடுக்கச் சொல்லலாம். பாதுகாப்புக் காவலில் வைப்பதற்கு மட்டும் சட்டமே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது: பாதிக்கப்பட்டவர் அதை விரும்ப வேண்டும்.

அடி விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் மனு எழுத உட்காராதீர்கள், 112-க்கு அழையுங்கள். மற்றபடி சத்தம் கேட்ட தேதி, நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மனுவை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். வாயால் சொன்னது எந்த அலுவலகத்திலும் பதிவாகாது.

ஸ்டேஷனில் "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?
*வாசகி, தருமபுரி*

யாரை யார் என்ன செய்தார் என்றே நீங்கள் எழுதவில்லை. சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது) வாங்கினீர்களா என்பதும் தெரியவில்லை. இருந்தாலும் பொதுவாகச் சொல்கிறேன். புகார் வந்தால் எந்த நிர்வாக நடுவரிடம் போகலாம், அருகில் உள்ள மறுவாழ்வு அமைப்பு எது, இலவசச் சட்ட உதவி எப்படிக் கிடைக்கும் என்றெல்லாம் பாதிக்கப்பட்டவருக்கு எடுத்துச் சொல்வது போலீசின் கடமை என்கிறது 7-ஆம் பிரிவு. அதைச் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்றும் இல்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே தீர வேண்டும். மறுத்தால் புகாரை எழுத்தில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். அங்கும் அசைவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். ஒவ்வொரு படியிலும் நகலும் ரசீதும் கையில் இருக்கட்டும்.

எனக்கு வயது 45, போலியோ பாதிப்பு. கோபம் வந்தால் தம்பி என் சக்கர நாற்காலியை எடுத்து மாடியில் வைத்துவிடுகிறான். ஒரு நாள் முழுக்கத் தரமாட்டான். அடிப்பதில்லை. இதுவும் கொடுமைக் கணக்கில் வருமா?
*வாசகர், கரூர்*

வரும். உதவிக் கருவியைச் சேதப்படுத்துவதும், அதைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் 92-ஆம் பிரிவில் குற்றம். பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே சோறு தண்ணீர் கொடுக்காமல் இருப்பதும் அதே பிரிவுதான். குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்து வருடம் சிறை, அபராதம் வேறு. 'அடிப்பதில்லை' என்று அவருக்காக நீங்களே வாதாடாதீர்கள்.

என் மகளுக்கு 22 வயது, அறிவுசார் குறைபாடு. காலம் கெட்டுக் கிடப்பதால் பாதுகாப்புக்காகக் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் பக்கத்தில் சொல்கிறார்கள். மாதவிடாய்த் தொல்லையும் தீரும் என்கிறார்கள். டாக்டர் எழுத்துபூர்வ அனுமதி கேட்கிறார். எந்தச் சட்டப்படி கையெழுத்துப் போட வேண்டும்?
*ஒரு தாய், ஊர் வேண்டாம்*

எந்தச் சட்டப்படியும் போட முடியாது அம்மா. கருத்தரிக்க முடியாமல் செய்யும் எந்த மருத்துவ நடைமுறையையும், ஒரு மாற்றுத்திறனாளி புரிந்துகொண்டு, தானாக முன்வந்து தரும் சம்மதம் இல்லாமல் அவருக்குச் செய்யக் கூடாது என்கிறது 10-ஆம் பிரிவு. சம்மதம் தர வேண்டியவர் உங்கள் மகள், நீங்கள் இல்லை. பெற்ற தாய் என்பதால் அவள் உடம்பு உங்கள் கையெழுத்துக்குள் வந்துவிடாது.

இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் 'பாதுகாப்பு' என்றுதான் எழுதுகிறார்கள். எதிலிருந்து பாதுகாப்பு? கர்ப்பப்பையை எடுத்தால் கர்ப்பம் நிற்கும். தொடுகிறவன் நிற்கமாட்டான். பேச முடியாத, சொன்னால் யாரும் நம்பாத ஒரு பெண்ணுக்கு நடக்கும் கொடுமை பல வீடுகளில் வெளியே தெரிய வருவதே அவள் கர்ப்பமான பிறகுதான். அந்த ஒரு தடயத்தையும் முன்கூட்டியே அழித்துக் கொடுத்தால் லாபம் யாருக்கு? 'இனிமேல் தெரிய வராது' என்று குற்றவாளிக்கு நாமே உறுதி எழுதிக் கொடுக்கிறோம்.

1994-ல் மகாராஷ்டிராவில் புனேவை அடுத்த ஷிரூரில் இருந்த அரசு இல்லத்துப் பெண்களுக்கு இதே அறுவை சிகிச்சையைச் செய்தார்கள். மாதவிடாய்ச் சுத்தம் என்றுதான் அன்றும் காரணம் சொன்னார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. 2009-ல் சண்டிகரில், அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றபோது, கருவைக் கலைக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். குழந்தையைச் சுமக்க விரும்புகிறேன் என்றாள் அவள். அவள் சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. இவ்வளவுக்குப் பிறகும் கடிதங்கள் நிற்கவில்லை, டாக்டர்கள் அனுமதிக் கடிதம் கேட்பதும் நிற்கவில்லை.

மாதவிடாயைப் பழக்க முடியும். சிறப்புக் கல்வியாளர் ஒருவரை வைத்து, படம் காட்டி, உள்ளாடையில் நாப்கின் வைக்கும் இடத்தில் அடையாளம் தைத்து, மாதாமாதம் அதே வரிசையில் சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலான பெண்கள் பழகிக்கொள்கிறார்கள். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம், ஆகட்டும். கூடவே உடல் உறுப்புகளின் பெயர்கள், யார் எங்கே தொடலாம், 'வேண்டாம்' என்று எப்படிக் காட்டுவது, இவற்றையும் சொல்லிக் கொடுங்கள். யார் சொன்னாலும் கீழ்ப்படிய வேண்டும் என்று மட்டுமே பழக்கப்பட்ட பெண்ணால் எந்த ஆளிடமும் மறுப்புச் சொல்ல முடியாது.

இன்னொன்று. உங்கள் கடிதத்தின் நாலாம் பக்கத்தில், சாப்பாட்டு விவரத்துக்கு நடுவில், ஒரு வரி இருக்கிறது: 'அவர் சித்தப்பா வந்தால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள்.' அம்மா, நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டியது இதுதான். அவள் சொல்லிவிட்டாள், கேட்கத்தான் ஆள் இல்லை. அந்த ஆள் இன்றோடு வீட்டுக்குள் வரக் கூடாது. மகளைத் தோண்டித் துருவித் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், சொற்களை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்து, கொடுமைக்கு ஆளான பெண்களுக்கான உங்கள் மாவட்டத்து ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குப் போங்கள். பாலியல் குற்றம் என்று சந்தேகம் எழுந்தால் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சிறப்புக் கல்வியாளரை உடன் வைத்து, வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. மாற்றுத்திறனாளிப் பெண்ணை வன்புணர்வு செய்தால் குறைந்தபட்சத் தண்டனையே பத்து வருடம், ஆயுள் வரை போகும். 'மனதளவில் குழந்தைதானே, போக்சோ போடுங்கள்' என்று யாராவது சொன்னால் அதை நம்பி நாள் கடத்தாதீர்கள். போக்சோ என்பது 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பாலியல் குற்றச் சட்டம், அதற்குக் கணக்கு பிறந்த தேதிதான், மன வயது இல்லை என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மூளை முடக்குவாதம் உள்ள என் நாத்தனாருக்கு வரும் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையை அவர் அண்ணனே ஏ.டி.எம். கார்டில் எடுத்துக்கொள்கிறார்.
*வாசகி, நாகர்கோவில்*

அந்த அண்ணன் உங்கள் கணவர்தானா, வேறொருவரா? அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். யாராக இருந்தாலும் பதில் ஒன்றுதான். பணம் அவருடையது, கணக்கு அவருடையது. 13-ஆம் பிரிவு தன் பணத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. பேச்சு குழறுவதால் புத்தி இல்லை என்று ஆகிவிடாது. என்ன செய்ய விரும்புகிறார் என்று அவரிடம் கேளுங்கள். விரும்பினால் வங்கிக்கு அழைத்துப் போய்ப் பழைய கார்டை முடக்கிப் புதியது வாங்குங்கள், கணக்கில் உள்ள கைப்பேசி எண்ணையும் மாற்றுங்கள். எண்ணை மாற்றாமல் கார்டை மட்டும் மாற்றினால் அடுத்த வாரமே பழைய கதைதான்.

தம்பிக்கு ஆட்டிசம், பேச்சு இல்லை. தனியார் இல்லத்தில் இருக்கிறான். அடிக்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?
*வாசகர், திருப்பூர்*

சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஒரு நாள் காலை, ஒரு நாள் இரவுச் சாப்பாட்டு நேரம் என்று மாற்றி மாற்றிப் போங்கள். நுழைய விடாமல் வாசலில் உட்கார வைக்கும் இல்லம் என்றால் அப்போதே பாதி பதில் கிடைத்துவிட்டது. அவனைக் குளிப்பாட்டும் வேலையை நீங்கள் செய்யுங்கள். முழங்கால், முழங்கை, தாடைக் காயங்கள் விழுந்தும் வரும். மேல்கையின் உட்பக்கம், தொடை, முதுகு, காதுமடல், மணிக்கட்டைச் சுற்றிய தழும்பு, இவை அப்படி எளிதில் வருவதில்லை. எடை குறைகிறதா, ஒரு குறிப்பிட்ட ஊழியர் வந்தால் உடம்பு விறைக்கிறதா, எந்நேரமும் தூங்கி வழிகிறானா என்று பாருங்கள். அடக்கி வைக்க மருந்தைக் கூட்டுவதும் கொடுமைதான், மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கி வேறொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

காயம் இருந்தால் தேதியோடு படம் எடுங்கள், அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிய வையுங்கள். இல்லத்தின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். பதிவில்லாமல் இல்லம் நடத்தக் கூடாது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு. பேச்சு இல்லை என்பதால் அவனிடம் கேட்க முடியாது என்று நினைக்காதீர்கள். படம், சைகை, டேப்லெட் என எது அவனுக்குப் பழக்கமோ அதில் கேளுங்கள். வண்டி வாசலுக்கு வந்ததும் அவன் என்ன செய்கிறான் என்பதும் ஒரு பதில்.

அண்ணனுக்கு மனச்சிதைவு. வேண்டுதல் என்று ஒரு மடத்தில் விட்டோம். காலில் சங்கிலி போட்டிருக்கிறார்கள். ஓடிவிடாமல் இருக்கத்தானே என்கிறார் அப்பா.
*வாசகர், ராமநாதபுரம்*

அந்த மாவட்டத்தில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு இல்லம் தீப்பிடித்தபோது 28 பேர் ஓட முடியாமல் கருகியதற்குக் காரணம் சங்கிலி. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, எந்த விதத்திலும், எந்த வகையிலும் சங்கிலி கூடாது என்கிறது. விதிவிலக்கு கிடையாது. இன்றே போய் அவிழ்க்கச் சொல்லுங்கள், மறுத்தால் 112. பிறகு மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைப் பாருங்கள்.

என் மனைவிக்குக் காது கேட்காது, பேச வராது. அவர் தங்கைக்கும் அப்படியே. தங்கையைக் கணவர் அடித்ததாகப் புகார் கொடுக்கப் போனபோது அந்தக் கணவரையே 'என்ன சொல்கிறார்' என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள்.
*வாசகர், வேலூர்*

அந்த வாக்குமூலத்தை ஏற்க முடியாது என்று உடனே எழுத்தில் கொடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரோ அவர் வீட்டாரோ மொழிபெயர்க்க உட்காரவே கூடாது. சைகை மொழிபெயர்ப்பாளரை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் கேளுங்கள். மாற்றுத்திறனாளியைச் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரவழைக்கவும் கூடாது, போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் தனியாக மனுக் கொடுத்தால், கணவரை வீட்டை விட்டு விலகியிருக்கச் சொல்லியும் உத்தரவு வாங்கலாம். அடி வாங்கியவர்தான் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்ற பழக்கத்தை முதலில் விடுங்கள். மாற்றுத்திறனாளிப் பெண்ணின் சாட்சியம் மற்றவர் சாட்சியத்தைவிடக் குறைந்தது இல்லை என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது, பார்வையற்ற ஒரு பெண்ணின் வழக்கில். குரலை வைத்தே அவர் குற்றவாளியை அடையாளம் காட்டினார்.

பெரியப்பா எங்கள் அக்காவுக்குக் 'கார்டியன்'. நிலத்தை விற்கப் போவதாகக் கேள்வி. கலெக்டர் ஆபீசில் ஏதோ ஒரு சான்றிதழ் வாங்கியிருக்கிறார்.
*வாசகி, பெரம்பலூர்*

'ஏதோ ஒரு சான்றிதழ்' என்றால் எப்படி? நகல் வாங்கிப் படியுங்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழு நியமித்திருந்தால், அவர் பாதுகாவலர்தான், சொத்துக்காரர் இல்லை. நியமனமாகி ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், பிறகு வருடாவருடம் கணக்கும் அவர் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தாரா என்று குழுவிடம் கேளுங்கள். சொத்தைச் சுருட்டினாலோ அக்காவைக் கவனிக்காமல் விட்டாலோ நீக்கச் சொல்லி உறவினர் என்ற முறையில் நீங்களே மனுப் போடலாம். அக்கா எதில் கைநாட்டு வைத்தார், அப்போது அறையில் யார் இருந்தார்கள் என்று அக்காவிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லை.
*பலர்*

மாற்றுத்திறனாளிக்கு இலவச வக்கீல் உண்டு, வருமான வரம்பு கிடையாது. 15100-ஐ அழையுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு யூ.டி.ஐ.டி. அட்டையோடு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) போங்கள்.

எனக்கு 27 வயது, தசைச்சிதைவு, வேலைக்குப் போக முடியாது. அப்பா வேறு குடும்பத்தோடு போய்விட்டார், பைசா தருவதில்லை. 18 தாண்டிவிட்டால் கேட்க முடியாதாமே?
*வாசகர், ஈரோடு*

முடியும். உடல் பாதிப்பால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பிள்ளைக்கு 18 தாண்டினாலும் ஜீவனாம்சம் உண்டு, சுரக்ஷா சன்ஹிதா 144-ஆம் பிரிவு. உங்களுக்கு அரசு உதவித்தொகை வருகிறதே என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார். மருந்து, உதவியாளர், ஆட்டோ, மின்கட்டணம் என்று மாதச் செலவைத் தனித்தனியாக எழுதி, கையில் உள்ள பில்களோடு மனுவில் சேருங்கள். குடும்ப நல நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் கூடவே போடச் சொல்லுங்கள். அதைப் போட மறந்தால் முதல் ரூபாய் வரவே ஒன்றிரண்டு வருடம் ஆகிவிடும்.