வெளிவேலைக் கத்திக்கு எந்த எஃகு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மடங்காத கத்தியின் எஃகைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எண்களைத் தோராயமாகவே தருகிறேன். வாங்கும் எஃகின் தரவுத்தாளில் ஓரிரு புள்ளி முன்பின் இருக்கும்.

கேள்வி: முகாமில் குச்சி சீவ, கயிறு அறுக்க, சிறு கட்டைகளைப் பிளக்க ஒரே கத்தி வேண்டும். 1095 எஃகா, 14சி28என் எஃகா?

வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்து வைக்கும் பழக்கம் உண்டா இல்லையா என்பதை எழுதியிருந்தால் ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பேன். துடைக்க மாட்டீர்கள் என்றால் 14சி28என். ஈரமான இடம் என்றாலும் அதுவே.

1095-இல் கார்பன் 0.95 சதவீதம், குரோமியம் இல்லை என்றே சொல்லலாம். ஓர் இரவு ஈரத்தோடு கிடந்தால் காலையில் செம்புள்ளி தெரியும். கையில் கிடைக்கும் எந்தக் கல்லிலும் தீட்டிவிடலாம் என்பதுதான் அதன் பெரிய வசதி. 14சி28என்-இல் கார்பன் 0.6, குரோமியம் 14, கொஞ்சம் நைட்ரஜன். உள்ளே இருக்கும் கார்பைடுகள் (கார்பன் மற்ற உலோகங்களோடு சேர்ந்து உண்டாகும் கடினத் துணுக்குகள்) மிகப் பொடியானவை, அதனால் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, மெல்லியதாக எடுத்தாலும் பல் விழாது, துணுக்காகப் பெயராது. ஸ்டெயின்லெஸ் என்றாலே பொட்டென்று உடையும் என்ற பழைய எண்ணம் இதற்குப் பொருந்தாது. 60 எச்ஆர்சி (எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் எண்) அளவில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் அடி தாங்குவதில் 14சி28என்தான் முன்னால் நிற்கும். 12சி27, ஏஇபி-எல் இரண்டும் இதே குடும்பம்தான். இவற்றில் எது கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம்.

எதை வாங்கினாலும் தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள்.

கேள்வி: டி2-வில் 12 சதவீதம் குரோமியம் இருக்கிறதே, அது ஸ்டெயின்லெஸ்தானே?

இல்லை. கார்பனும் 1.5 சதவீதம் இருப்பதால் குரோமியத்தில் கணிசமான பகுதி கார்பைடாகக் கட்டுண்டுபோகிறது. மிச்சம் இருப்பது துருவைத் தாமதப்படுத்தும், தடுக்காது. அந்தக் கார்பைடுகள் பருமனானவை வேறு, ஆகவே கட்டை பிளக்கும் கத்திக்கு டி2 வேண்டாம். அறுக்க மட்டும் என்றால் சரி.

கேள்வி: எஸ்30வி கத்தி வாங்கினேன். முதல்முறை விறகு பிளந்தபோதே வாயில் மூன்று இடத்தில் பல் விழுந்துவிட்டது. எனக்குக் கிடைத்தது போலி எஃகா?

முதுகின் தடிமன் என்ன, வாயின் கோணம் என்ன, எத்தனை எச்ஆர்சி, கணுவில் அடித்தீர்களா, சிக்கிய கத்தியைப் பக்கவாட்டில் நெம்பினீர்களா? இந்த ஐந்தில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. எஃகின் பெயர் மட்டும் இருக்கிறது. மாதந்தோறும் இப்படித்தான் கடிதங்கள் வருகின்றன. பெயரைக் கேட்டு வாங்குகிறார்கள், உடைந்தால் பெயரைத் திட்டுகிறார்கள். ஒரு கத்தி எப்படி நடந்துகொள்ளும் என்பதை எஃகு, பதம் (சூடேற்றி, சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குவது), வாயின் வடிவம் மூன்றும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. வெளிவேலைக் கத்தியைப் பொறுத்தவரை இந்த மூன்றில் கடைசி இடம் எஃகின் பெயருக்கே.

முதலில் எஃகையே பார்ப்போம். எஸ்30வி-இல் கார்பன் 1.45, குரோமியம் 14, வனேடியம் 4 சதவீதம். தூள் உலோக முறையில் (உருகிய எஃகைத் தூளாக்கி, பிறகு அழுத்தி இறுக்கி) செய்வதால் கார்பைடுகள் பொடியாகவும் சீராகவும் பரவியிருக்கும், ஆனால் எண்ணிக்கையில் அதிகம். கயிறும் அட்டையும் அறுத்தால் கூர் நீண்ட நேரம் நிற்பதற்கு அவைதான் காரணம். அடி விழும்போது விரிசல் தொடங்குவதும் அவற்றின் ஓரத்தில்தான். அறுக்கும் வேலைக்கு ஏற்ற எஃகைக் கட்டை பிளக்கக் கொடுத்திருக்கிறீர்கள். போலி என்று சொல்ல இதில் எதுவும் இல்லை.

அடுத்தது வடிவம். விறைப்பில் 1095-உம் எஸ்30வி-உம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பதம் வைத்தாலும் அது மாறாது. விறைப்பைத் தருவது தடிமன், அதுவும் மும்மடியாக. 3 மி.மீ. தகட்டை 4 மி.மீ. ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய 2.4 மடங்காகும். வாய்க்கும் இதே கணக்குதான். வாய்க்குச் சற்று மேலே 0.25 மி.மீ. தடிமனும் பக்கத்துக்கு 15 டிகிரி கோணமும் வைத்த கத்தி வெண்ணெயாக அறுக்கும், கணுவில் பட்டால் உதிரும். கட்டையும் பிளக்க வேண்டும் என்றால் அங்கே 0.5 முதல் 0.7 மி.மீ. இருக்கட்டும், கோணம் பக்கத்துக்கு 18 முதல் 20. அலகு 10–12 செ.மீ. நீளம் என்றால் முதுகு 3.5 அல்லது 4 மி.மீ. போதும். 6 மி.மீ. முதுகு வைத்தால் கத்தி உளியாகிவிடும், எதையும் சீவ முடியாது.

இப்போது உங்கள் கத்தியை எடுத்து ஒரு பூதக்கண்ணாடியில் அந்தப் பற்களைப் பாருங்கள். பிறைவடிவில், ஒரு பக்கம் பெரிதாகப் பெயர்ந்திருந்தால் பக்கவாட்டில் திருகியதன் அடையாளம். வாய் நெடுக மணல் மணலாக உதிர்ந்திருந்தால் ஆலையில் பெல்ட்டில் வாய் எடுக்கும்போது நுனி மட்டும் சூடேறிக் கெட்டிருக்கலாம். கையால் கல்லில் இரண்டு மூன்று முறை நன்றாகத் தீட்டி அந்த நுனியைக் கழித்துவிட்டால் உள்ளேயிருந்து நல்ல எஃகு வந்துவிடும். அதன் பிறகும் உதிர்ந்தால்தான் பதத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

அதற்கு ஒரு சோதனை உண்டு. 6 மி.மீ. பித்தளைக் கம்பியைப் பிடிப்பானில் படுக்கவைத்து, வாயைத் தீட்டும் கோணத்திலேயே அதன்மேல் வைத்து மிதமாக அழுத்தி இழுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். வாய் லேசாகப் புடைத்து, எடுத்ததும் பழையபடி நேராகிவிட்டால் பதம் சரி. மடிந்தது மடிந்தபடி நின்றால் மென்மை. பொடி உதிர்ந்தால் பதம் இறக்கியது (கடினமாக்கியபின் மிதமாகச் சூடாக்கி, பொட்டென்று உடையும் தன்மையைக் குறைப்பது) போதவில்லை, அல்லது சூட்டில் எஃகின் உள்மணி, அதாவது உள்ளே இருக்கும் படிகத் துகள், பெருத்துவிட்டது.

கட்டை பிளப்பதே முக்கிய வேலை என்றால் சிபிஎம் 3வி, ஏ2, 5160 போன்ற அடி தாங்கும் எஃகுகளின் பக்கம் போங்கள். எந்த எஃகானாலும் சிக்கிய கத்தியை நெம்பாதீர்கள். முனைப் பக்கம் வெளியே நீண்டிருக்கும் முதுகில் தட்டுங்கள். பிளவு திறக்காவிட்டால் ஒரு மரஆப்பு சீவிச் செருகுங்கள்.

கேள்வி: 62 எச்ஆர்சி போட்ட கத்தி 57-ஐவிட நல்லதுதானே?

ஒரே எஃகுக்குள் மட்டுமே அந்த எண்ணை ஒப்பிட வேண்டும். எண் ஏறினால் வாய் மடியாது. அதே சமயம் அடி தாங்குவது குறையும். வெளிவேலைக் கத்திக்கு 1095-உம் 5160-உம் 56–58, ஏ2 58–60, 14சி28என்-உம் 3வி-உம் 58–61. இதற்கு மேலே போட்டிருந்தால் சமையற்கட்டுக் கத்திக்குச் சரி, காட்டுக்குச் சரியல்ல. எச்ஆர்சி எண்ணையே சொல்லாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: பெர்ரோ கம்பியில் (சுரண்டினால் தீப்பொறி தரும் உலோகக் கம்பி) தீப்பொறி வர கார்பன் எஃகுதான் வேண்டுமா?

வேண்டாம். முதுகின் விளிம்பு 90 டிகிரியில் கூராக இருந்தால் எந்தக் கடின எஃகும் போதும். உண்மையான சிக்கிமுக்கிக் கல்லுக்குத்தான் கார்பன் எஃகு தேவை, ஏனென்றால் அங்கே எரிவது கத்தியிலிருந்து பெயரும் எஃகுத் துகள். வாயால் ஒருபோதும் சுரண்டாதீர்கள்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் கத்திதான். கடற்கரையில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தால் ஆரஞ்சுப் புள்ளிகள். ஏன்?

உப்பு. குரோமியம் எஃகின்மேல் போர்த்தும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் குளோரைடு ஊசிமுனை அளவு இடங்களில் துளைக்கும், அங்கிருந்து குழி விழும். தோல் உறை உப்பையும் ஈரத்தையும் பிடித்துவைத்து அதை வேகப்படுத்தும். மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய அலகில் சீக்கிரம் வரும், மெருகேற்றியதில் தாமதமாக வரும். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, உலர்ந்தபின் எண்ணெய் பூசுங்கள். இதுவரை வந்த புள்ளிகளைச் சோடா மாவுக் குழம்பால் தேயுங்கள். இரும்புப் பஞ்சால் தேய்த்தால் அதன் துகள் ஒட்டி மறுபடி துருப்பிடிக்கும். கடலோரமே வாழ்க்கை என்றால் எல்சி200என் அல்லது எச்1 எஃகு வாங்குங்கள். மேக்னாகட்டும் நன்றாகத் தாங்கும்.

கேள்வி: பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் நானே கத்தி அடிக்கப் போகிறேன். பதம் எப்படி வைப்பது? அவசரம்.

அவசரம் என்றால் லாரிப் பட்டை வேண்டாம். அது 5160-ஆக இருக்கலாம், சிலிக்கன் கலந்த வகையாகவும் இருக்கலாம்; பார்த்துச் சொல்ல முடியாது. பல ஆண்டு அடி வாங்கிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கலாம். அரைத்து, மெருகிட்டு, வேலை எல்லாம் முடிந்தபின் எண்ணெயில் இறக்கும்போது ‘டிங்’ என்று சத்தம் கேட்கும், அத்தோடு கத்தி முடிந்தது. முதல் கத்திக்குப் புதிய 1084 தகடு வாங்குங்கள். கார்பன் 0.84 சதவீதம், நீண்ட நேரம் சூட்டில் ஊறவைக்க வேண்டியதில்லை, சாதாரண உலையிலேயே பதம் ஏறும்.

வாயை 1 மி.மீ. தடிமனிலேயே நிறுத்துங்கள்; மெல்லியதாக்கிவிட்டுச் சூடேற்றினால் அலை அலையாக நெளியும். அலகும் பிடிக்குள் போகும் நாக்கும் சேரும் மூலையை வட்டமாக அராவுங்கள், கூர்மூலைதான் விரிசல் பிறக்கும் இடம். காந்தம் ஒட்டாமல் போவது 770 டிகிரி சுமாருக்கு. அங்கிருந்து இன்னும் சற்று ஏற்றி 815-இல் நிறுத்துங்கள். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம் வரை விட்டால் உள்மணி பெருத்துப்போகும். 50 டிகிரிக்குச் சூடாக்கிய எண்ணெயில் முனை கீழாக நேரே இறக்குங்கள். அசைப்பதாக இருந்தால் வாய்–முதுகு திசையில் மட்டும், பக்கவாட்டில் அசைத்தால் வளையும். எண்ணெய் தீப்பிடிக்கும், எனவே உலோகப் பாத்திரமும் அதன் மூடியும் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். வண்டியில் வடித்த பழைய எண்ணெயின் புகை நஞ்சு, அதைத் தொடாதீர்கள்.

மேலே படிந்த செதிலைச் சுரண்டிவிட்டு அரம் போட்டுப் பாருங்கள். வழுக்கினால் கடினம் ஏறிவிட்டது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தவுடன் 200–220 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறியபின் மறுபடி இரண்டு மணி நேரம். இதை நாளைக்குத் தள்ளாதீர்கள். பதம் இறக்காத கத்தி கண்ணாடிக்குச் சமம், மேசையில் கிடக்கும்போதே விரிசல் விடலாம்.

இதே முறையை 1095-க்குச் செய்து ஏமாறுகிறவர்கள் அதிகம். அது ஒரு வினாடிக்குள் 540 டிகிரிக்குக் கீழே இறங்கியாக வேண்டும். சமையல் எண்ணெய்க்கு அந்த வேகம் போதாது, அதற்கென்று விற்கும் வேக எண்ணெய் வேண்டும்.

கேள்வி: சாணைச் சக்கரத்தில் பிடித்தபோது முனை நீலமாகிவிட்டது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. கார்பன் எஃகில் நீலம் என்றால் 300 டிகிரி பக்கம் போயிருக்கிறது. 200-இல் பதம் இறக்கிய கத்தி அது. அந்த இடம் இப்போது மென்மை. துடைத்தால் நிறம் போகும், போன பதம் திரும்பாது. நீலம் முழுதும் கழியும்வரை, அதற்கு மேலும் ஒரு மி.மீ., கல்லில் கையால் தேயுங்கள். இனிமேல் சக்கரத்தில் வைப்பதாக இருந்தால் விரலில் கையுறை இல்லாமல், சூடு தெரிந்த கணமே தண்ணீரில் முக்குங்கள். மெல்லிய வாய் நிறம் காட்டாமலே கெடவும் கூடும் என்பதால் சக்கரமே வேண்டாம் என்பது என் கட்சி.

கேள்வி: அரைமணி நேரம் தீட்டியும் எஸ்30வி கூராகவில்லை.

சாதாரண அலுமினியம் ஆக்சைடு கல்லைவிட வனேடியம் கார்பைடு கடினமானது. வைரக் கல் வாங்குங்கள். சொரசொரப்பு எண் 400-இல் தொடங்கி 600-இல் முடித்தால் போதும். பிசிறு (தீட்டும்போது விளிம்பில் எழும் மெல்லிய உலோக மடிப்பு) ஒரு பக்கம் முழுக்க எழும்பும்வரை மறுபக்கம் திருப்பாதீர்கள். கூர் வராததற்கு எஃகைவிட இதுவே அதிகமும் காரணம்.

கேள்வி: கறுப்புப் பூச்சு போட்ட 1095 துருப்பிடிக்காதல்லவா?

பூச்சு இருக்கும் இடத்தில் பிடிக்காது. வாயில் பூச்சு கிடையாது. கீறல் விழுந்த இடமும், உறை உரசும் இடமும் அப்படித்தான். துடைக்க வேண்டும், எண்ணெய் பூச வேண்டும், தோல் உறையில் போட்டு வைக்கக் கூடாது.

கேள்வி: படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன எஃகு என்று சொல்லுங்கள். காந்தம் ஒட்டுகிறது, அதனால் ஸ்டெயின்லெஸ் இல்லை என்று நினைக்கிறேன்.

படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. காந்தச் சோதனையும் பயனில்லை. பதம் ஏற்றிய கத்தி எஃகில் ஸ்டெயின்லெஸ்ஸும் காந்தத்தில் ஒட்டும். அலகில் ஓரிடத்தை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஒரு சொட்டு வினிகர் விட்டு இருபது நிமிடம் பொறுங்கள். கருஞ்சாம்பல் நிறத் தடம் விழுந்தால் கார்பன் எஃகு, ஒன்றும் விழாவிட்டால் ஸ்டெயின்லெஸ், மங்கலாக விழுந்தால் டி2 போன்ற இடைப்பட்ட வகை. பிறகு வாய்க்குச் சற்று மேலே அரம் போடுங்கள். வழுக்காமல் சுலபமாகக் கடித்து இழுத்தால் அந்தக் கத்தியின் பெயர் எதுவானாலும் வாய் நிற்காது. அதற்கு மேல் தெரிய வேண்டும் என்றால் உலோகப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகத்தில்தான் கொடுக்க வேண்டும்.