55 வயதுக்கு மேல் முழு அயர்ன்மேன் டிரையத்லான் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அனுபவம் எப்படி, முழங்கால் தாங்குமா?

இருக்கிறேன். சென்னைக்காரன். வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியவன். மேற்கு ஆஸ்திரேலியாவில் பஸ்ஸல்டன் என்ற சின்னக் கடற்கரை ஊரில் டிசம்பர் மாதம் நடக்கும் அயர்ன்மேன் பந்தயத்தை 57 வயதில் முடித்தேன். பஸ்ஸல்டனைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணம். மகளும் மருமகனும் பெர்த்தில் இருக்கிறார்கள், அங்கிருந்து தெற்கே சுமார் 220 கிலோமீட்டர். இன்னொன்று, ஊர் தட்டையானது. சென்னையில் பயிற்சி எடுத்தவனுக்கு மேடு என்றால் பாலம்தான்.

தூரம் தெரியாதவர்களுக்காக: கடலில் 3.8 கி.மீ. நீச்சல், கரையேறியதும் 180 கி.மீ. சைக்கிள், அதை முடித்த கையோடு 42.2 கி.மீ. மாரத்தான். எல்லாம் ஒரே நாளில், 17 மணி நேரத்துக்குள். 1978ல் ஹவாயின் ஓஹூ தீவில், நீச்சல்காரன் பெரியவனா ஓட்டக்காரனா சைக்கிள்காரனா என்று ஒரு வாக்குவாதம் கிளம்பி, அங்கே தனித்தனியாக இருந்த மூன்று பந்தயங்களின் தூரங்களை ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள். 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். ஆகவே இந்த எண்களில் உடலியல் கணக்கு எதையும் தேடாதீர்கள். வீம்பில் பிறந்த தூரம் இது.

முழங்காலுக்குக் கடைசியில் வருகிறேன். உண்மையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வயிற்றைப் பற்றி.

ஏன் என்றால், நம் வயதில் இந்தப் பந்தயத்தில் வேகம் என்பது பேச்சே இல்லை. முன்னணி வீரர் எட்டு மணி நேர வாக்கில் முடித்துவிடுவார். நான் சைக்கிளை விட்டு இறங்கும்போது அவர் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். எனக்குப் பதினைந்தரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலே ஆனது. அத்தனை நேரமும் உடம்பு எரிந்துகொண்டே இருக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பாகச் சேமித்து வைத்திருப்பது சுமார் 2,000 கலோரி. காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் அது காலியாகத் தொடங்கிவிடும். பிறகு போடப் போடத்தான் வண்டி ஓடும். ஆனால் உழைக்கும்போது ரத்தம் காலுக்கும் தோலுக்கும் போய்விடுவதால் குடல் வேலை செய்ய மறுக்கிறது. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து சாதாரணமாகச் செரிக்கும், குளுக்கோஸோடு ஃப்ரக்டோஸும் கலந்து பழக்கினால் 90 கிராம் வரை போகலாம் என்பது கணக்கு. காகிதத்தில் எளிது. வெயிலில் எட்டாவது மணி நேரத்தில் அதே இனிப்பு ஜெல்லைப் பிரித்து வாயில் வைத்துப் பாருங்கள். அப்புறம், வயது ஏற ஏற தாகம் உணரும் புத்தி மந்தமாகிவிடும். குடிக்கத் தோன்றும்போது குடிக்கலாம் என்றிருந்தால் காரியம் கெட்டுவிடும். பயந்துபோய் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினாலும் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆபத்து. கைக்கடிகாரத்தில் கால் மணிக்கு ஒரு முறை மணி அடிக்க வைத்து, பசி இருக்கிறதோ இல்லையோ, அடித்தால் ஒரு வாய் என்று நான் பழகியது அதனால்தான்.

வயதைப் பற்றி ரொம்பக் கவலைப்படுகிறவர்களுக்கு மூன்று பேரைச் சொல்கிறேன். மாடலும் நடிகருமான மிலிந்த் சோமன் 2015ல் ஜூரிக்கில் முடித்தபோது அவருக்கு 50 வயது ஆகப்போகிறது என்று நம்மூரில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஜப்பானின் ஹிரோமு இனாடா அதே 2015ல் ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில் சில விநாடிகளில் 17 மணி நேரக் கெடுவைத் தவறவிட்டார், திரும்பி வந்து முடித்தார், 2018ல் 85 வயதில் மறுபடியும் முடித்தார். அமெரிக்காவின் நாட்டலி கிராபோ 2025ல் 80 வயதில் கோனாவை முடித்தார். அந்த அம்மா நீச்சலே 59 வயதில்தான் கற்றுக்கொண்டாராம். நானும் ஐம்பது தாண்டித்தான் ஒழுங்கான ஃப்ரீஸ்டைல் கற்றேன் என்பதால் அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

இவர்களைச் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் அது நியாயம் இல்லை. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் நடந்த மரணங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். பெரும்பாலானவை நீச்சலின்போது நடந்தவை. மொத்தத்தில் லட்சம் பேருக்கு இரண்டுக்கும் குறைவு, ஆனால் 60 தாண்டிய ஆண்களில் லட்சத்துக்கு 18க்கும் மேல். டிரெட்மில் டெஸ்ட், எக்கோ என்ற இதய ஸ்கேன் இரண்டும் எடுத்து, இதய மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் நான் பணம் கட்டினேன். இதில் மட்டும் வீரம் காட்டாதீர்கள்.

பயிற்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, சலிப்பான விஷயம். நீச்சலுக்கு வேளச்சேரி குளம், கடல் பழக்கத்துக்குக் கோவளம். சைக்கிளுக்கு விடிவதற்கு முன்பே ஈசிஆர் கடற்கரைச் சாலை, மாமல்லபுரம் தாண்டிப் போய்த் திரும்புவது. லாரியை விட நாய்க்குத்தான் அதிகம் பயந்தேன். நம் வயதில் பயிற்சியை விட ஓய்வில்தான் சூட்சுமம். முப்பது வயதுப் பையன் ஞாயிற்றுக்கிழமை நூற்றைம்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை வேகமாக ஓடுவான். எனக்கு வியாழன் ஆகும். அந்த இடைவெளியை ஒத்துக்கொண்ட பிறகுதான் காயம் வருவது நின்றது. வாரம் இரண்டு முறை எடை தூக்குவதையும் விடவில்லை. ஐம்பதுக்கு மேல் தசை தானாகக் கரையும், ஓடினால் மட்டும் அது நிற்காது.

பயணத்தில் நான் எதிர்பாராத ஒன்று ஆஸ்திரேலியாவின் உயிரிப் பாதுகாப்புச் சோதனை. வெளிநாட்டு மண், விதை எதுவும் உள்ளே வரக்கூடாது என்பதில் அவர்கள் கறார். சைக்கிளைப் பிரித்து, டயர் இடுக்கு, பெடல், ஷூவின் அடிப்பாகம் என்று எல்லாவற்றையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இந்த அக்கறையில பாதி வீட்டு ஃபேனுக்குக் காட்டியிருக்கலாம்" என்றாள். பெர்த் விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லி, டயரில் ஒரு விரலை ஓட்டிப் பார்த்து, போகலாம் என்று தலையாட்டினார். கோவில்பட்டி கடலை மிட்டாயை வம்பே வேண்டாம் என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

அடுத்தது வெட்சூட், குளிர் தாங்க உடம்போடு ஒட்டி அணியும் ரப்பர் நீச்சலுடை. தண்ணீர் 24.5 டிகிரிக்குள் இருந்தால் எங்களைப் போன்ற அமெச்சூர்கள் அதை அணியலாம். டிசம்பரில் பஸ்ஸல்டன் கடல் அதை விட நன்றாகவே குளிர்ந்திருக்கும். சென்னைக்காரனுக்கு வெட்சூட்டை எங்கே பார்த்துப் பழக்கம்? பெர்த்தில் வாங்கி, மகள் வீட்டுக் கூடத்தில் போட்டுப் பார்த்தேன். காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு ஏறும் என்று மருமகன் வீடியோ பார்த்துச் சொன்னார். ஏறியது. ஆனால் முதுகு ஜிப்பை ஏற்றியதும் மார்பை யாரோ பிடித்து அமுக்குகிற மாதிரி இருந்தது. பதற்றம் வருவது இங்கேதான், குளிர்ந்த நீரும் அந்த இறுக்கமும் சேரும்போது. பந்தயத்துக்கு முந்தைய வாரம் தினமும் கடலில் இறங்கி, கழுத்துப் பட்டையைக் கொஞ்சம் இழுத்து உள்ளே தண்ணீர் விட்டுக்கொண்டு, மெதுவாக மூச்சை வெளியே ஊதிப் பழகினேன். உள்ளே புகுந்த தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பானதும் நெஞ்சு இளகிவிடும். ஒரு லாபமும் உண்டு: வெட்சூட் மிதக்கும், நம் கனத்த காலைத் தானே மேலே தூக்கித் தரும். கழுத்தில் வாசலைன் போட மறக்கக் கூடாது, ஷேவ் செய்யாத தாடை உப்பு நீரில் உரசி ரணமாகிவிடும்.

நீச்சல் பாதை அழகானது. பஸ்ஸல்டன் ஜெட்டி என்று கடலுக்குள் 1.8 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு மரத்துறை, மேலே சின்ன ரயில் கூட ஓடும். அதன் ஒரு பக்கமாகப் போய், முனையைச் சுற்றி, மறுபக்கமாக வர வேண்டும். யோசித்துப் பாருங்கள், போகும்போதும் வரும்போதும் ஜெட்டி ஒரே கைப்பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் மூச்சு எடுக்கிறவர்களுக்குத் தூண்களை எண்ணிக்கொண்டே போகிற பாக்கியம். நான் மறுபக்கத்து ஆள், பார்த்தது பூராவும் வெறும் கடல். 2017 பந்தயத்தில் சுறா தென்பட்டு நீச்சலைப் பாதியில் நிறுத்தியதை வீட்டில் யாரும் என் மனைவியிடம் சொல்லவில்லை. பந்தயத்துக்கு முதல் நாள் இரவு கடைக்காரர் யாரோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். "ஏங்க, இது தெரிஞ்சுதான் பணம் கட்டுனீங்களா?" என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை. நீச்சலுக்குக் கெடு 2 மணி 20 நிமிடம். நிறையவே மிச்சம் வைத்து ஏறிவிட்டேன்.

சைக்கிள்தான் நாளின் பெரும்பகுதி. ஒரே பாதையை இரண்டு முறை சுற்ற வேண்டும். டூவார்ட் என்ற யூகலிப்டஸ் வகை மரங்களின் காட்டுக்குள் போகும்போது நிழல், அங்கே மட்டும் சொர்க்கம். வெளியே வந்தால் எதிர்காற்று. மேடு இல்லாத பாதை சுலபம் என்று நினைத்துத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மேடு இருந்தால் இறக்கமும் இருக்கும், கொஞ்சம் காலை ஆற விடலாம். தட்டைச் சாலையில் ஏழு மணி நேரம் நிறுத்தாமல் மிதிக்க வேண்டும், அதுவும் ஒரே குனிந்த நிலையில். முன்னால் போகிறவர் முதுகில் ஒட்டிக்கொண்டு காற்றைத் தவிர்க்கவும் முடியாது. 12 மீட்டர் இடைவெளி விதி, மீறினால் 5 நிமிடம் தண்டனைக் கூடாரத்தில் நிற்க வேண்டும். எனக்குக் கழுத்தும் இடுப்பும்தான் முதலில் புகார் சொன்னன. கால் சொல்லவே இல்லை.

பாதி வழியில் நாம் முன்கூட்டியே கொடுத்த பை ஒன்று கிடைக்கும். எல்லோரும் அதில் ஜெல், சாக்லேட் என்று வைப்பார்கள். என் பையில் மகள் செய்து கொடுத்த எலுமிச்சை சாதம். கடுகு, பருப்பு, மிளகாய் எதுவும் இல்லாமல், உப்பு தூக்கலாக, நெல்லிக்காய் அளவு உருண்டைகளாகப் பிடித்துப் அலுமினியத் தாளில் சுற்றியது. கூடவே உப்பில் வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கு. சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, ஈ ஓட்டிக்கொண்டே தின்றேன். அந்த ஊர் ஈக்கள் மூக்குக்குள்ளேயே வரும். பையை நீட்டிய தன்னார்வலர் என்னை விட மூத்த அம்மா. மஞ்சளாக என்னப்பா அது என்றார். சோறு என்றேன். "காலையிலிருந்து இந்த இடத்தில் நிற்கிறேன், மனிதர் சாப்பிடுகிற மாதிரி ஒன்றை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று சிரித்தார். ஐந்து மணி நேர இனிப்புக்குப் பிறகு அந்தப் புளிப்பும் உப்பும் நாக்கில் பட்டபோது வாயில் எச்சில் ஊறியதே, அன்றைய நாளில் எனக்கு மறக்காதது அதுதான். இதை அங்கே போய்ப் புதிதாகச் செய்து பார்க்கவில்லை. ஈசிஆரில் மாதக்கணக்கில் எதைத் தின்றால் வயிறு தாங்கும், எதற்குக் கல்பாக்கம் தாண்டியதும் புரட்டும் என்று பார்த்துத்தான் முடிவு செய்திருந்தேன். இட்லி தேறவில்லை, காய்ந்து தொண்டையை அடைத்தது. பேரீச்சை தேறியது. வாழைப்பழம் முதல் மூன்று மணி நேரத்துக்கு மட்டும்.

ஓட்டம் கடற்கரை ஓரமாக நான்கு சுற்று. சுற்றுக்கு ஒன்றாக நிற வளையம் கையில் மாட்டிவிடுவார்கள். ஒரு வளையத்தோடு நீங்கள் ஆரம்பித்திருக்கும்போது மூன்று வளையம் போட்டவர்கள் தாண்டிப் போவார்கள். அந்தப் பொறாமையை எந்தப் பயிற்சித் திட்டத்திலும் எழுதுவதில்லை. இரண்டாவது சுற்றில் எனக்கு வயிறு பூட்டிக்கொண்டது. தண்ணீர் கூட உள்ளே போய்க் குலுங்கிக்கொண்டு நின்றது. அந்த நேரத்தில் மேலும் மேலும் திணிக்கக் கூடாது. ஒரு கிலோமீட்டர் வெறுமனே நடந்து, இதயத் துடிப்பை இறக்கி, தொப்பிக்குள் பனிக்கட்டி வைத்து உடம்பைக் குளிர்வித்த பிறகு, கேஸ் போன கோலா இரண்டு வாய். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய ஏப்பம் வந்தது. பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ஆஸ்திரேலியர் கை தட்டினார். அதற்குப் பிறகு விளக்குக் கம்பத்திலிருந்து விளக்குக் கம்பம் வரை ஓட்டம், அடுத்தது வரை நடை. அவ்வளவுதான் என் மாரத்தான் உத்தி.

முடிவுக் கோட்டையும் சிவப்புக் கம்பளத்தையும் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

சரி, முழங்கால். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அளவாக ஓடுகிறவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் உட்கார்ந்தே இருப்பவர்களை விடக் குறைவாகத்தான் காணப்படுகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஏற்கெனவே மூட்டில் பிரச்சினை உள்ளவர்கள் கதை வேறு, அவர்கள் எலும்பு மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. ஆனால் மற்ற சேதம் உண்டு. இரண்டு கால் நகம் கறுத்து விழுந்தது. மூன்று நாள் மாடிப்படியைப் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். இடது தோள்பட்டை இன்னும் சரியாகவில்லை, நீச்சலில் கையை இழுக்கும் விதம் தப்பு என்று பிசியோ சொல்கிறார். செலவும் லேசானதல்ல. சைக்கிள், விமானம், விசா, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பல லட்சம், மகள் வீட்டில் தங்கியதையும் மீறி.

முழுத் தூரத்துக்கு நேராகப் போக வேண்டாம். பாதித் தூரம் கோவாவிலேயே இருக்கிறது, 2019ல் ஆரம்பித்தது: 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். பனாஜியின் மிராமர் கடற்கரையில் இறங்க வேண்டும், நம்மூர் கடல் மாதிரியே வெதுவெதுப்பான தண்ணீர். தோள் சரியானால் அடுத்த முறை நானே அங்கேதான் வருவேன். சோறு மட்டும் யார் செய்து தருவது என்று தெரியவில்லை, மனைவி சுறா விஷயத்தில் இன்னும் இறங்கி வரவில்லை.