நான்கு விரற்கடை

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். சென்னைப் புறநகர் மின்சார ரயிலைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் கூடுவாஞ்சேரியில் குடியிருக்கிறேன், அலுவலகம் கிண்டியில். நான்கு ஆண்டுகள் ரயிலில் போய்வந்தேன். காலையில் செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி எங்கள் ஊரை எட்டும்போதே நிரம்பியிருக்கும். ஒரு காலை ஊன்ற இடம் கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். கசங்கிய சட்டையோடும் அடுத்தவர் வியர்வையோடும் அலுவலகத்துக்குள் நுழைந்து சலித்துப்போய், இந்தத் தை மாதம் தவணையில் கார் வாங்கிவிட்டேன். இப்போது ஒன்றரை மணி நேரம் ஆகிறது, சில நாள் இரண்டு மணி நேரம்கூட. ஆனாலும் குளிர்ச்சியாக, உட்கார்ந்து, பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறேன். அந்த மந்தையில் இனி நான் ஒருவன் இல்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

பணமும் நேரமும் வீண் என்கிறார் என் மனைவி. இதே பாதையில் முப்பது ஆண்டுகள் ரயிலில் வேலைக்குப் போன என் அப்பா ஒன்றும் சொல்வதில்லை. காரில் ஏறச் சொன்னால் மட்டும் "நீ போப்பா" என்கிறார். உங்களைப் போன்றவர்கள் நெரிசலை அழகுபடுத்தி எழுதுகிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்து மின்சாரக் காருக்கு மாறும் எண்ணம் இருப்பதால் புகையைப் பற்றிய உறுத்தலும் எனக்கு இல்லை. நான் செய்தது சரிதானா?

(பெயர் வெளியிட வேண்டாம்)
கூடுவாஞ்சேரி

அன்புள்ள தம்பிக்கு,

இப்படிப்பட்ட கடிதங்களுக்குத் தனியாக இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுவது என் வழக்கம். உங்கள் கடிதம் வந்த அதே வாரத்தில், உறவினர் ஒருவரின் காரில் வண்டலூரிலிருந்து கிண்டிக்குப் போக நேர்ந்தது. திரிசூலம் ரயில் நிலையத்துக்கு எதிரே வண்டி நின்றுவிட்டது. அந்த இடத்தில் சாலையும் தண்டவாளமும் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் நூறு அடி நகர்வதற்குள் கடற்கரை நிலையத்துக்குப் போகும் வண்டிகள் இரண்டு வந்து நின்று, ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு போய்விட்டன. சுற்றி நின்ற கார்களை எண்ணினேன். பதினான்கில் பதினொன்றில் ஓட்டுபவரைத் தவிர வேறு யாரும் இல்லை. ரயில் வாசலில் தொங்கியவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்தோம். அன்றிலிருந்து மனத்தில் கிடந்ததை உங்கள் கடிதம் கிளறிவிட்டது.

சிலவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். கார் வாங்கியது குற்றமில்லை. தவணைக் கணக்கு உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் இடையில் உள்ளது. அதில் நான் தலையிட மாட்டேன். மின்சாரக் காரைப் பொறுத்தவரை, புகை குறையும் என்பது உண்மை. ஆனால் பெருங்களத்தூரில் அது அடைத்துக்கொண்டு நிற்கும் இடம் பெட்ரோல் கார் அடைக்கும் இடமேதான்.

நெரிசலை அழகுபடுத்துகிறேன் என்று சொல்லியிருப்பது எனக்கு வலித்தது. 1998 முதல் பதினாறு ஆண்டுகள் குரோம்பேட்டையிலிருந்து கடற்கரை வரை தினமும் போய்வந்தவள் நான். முதல் ஆறு ஆண்டுகள் மீட்டர் கேஜ் என்ற பழைய குறுகிய பாதை வண்டி, 2004-க்குப் பிறகு முழுக்க அகலப் பாதை வண்டி. மகளிர் பெட்டியைத் தவறவிட்டுப் பொதுப் பெட்டியில் ஏறிய நாட்களில் என்மேல் பட்ட கைகளை நான் மறக்கவில்லை. 2018 ஜூலையில் பரங்கிமலையில் நடந்ததையும் மறக்கவில்லை. மின்கம்பி அறுந்ததால் விரைவு வண்டிகளின் பாதையில் திருப்பிவிடப்பட்ட புறநகர் ரயிலில், படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் நடைமேடையோரத் தடுப்புச்சுவரில் மோதி விழுந்து இறந்தார்கள். காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டவர்கள் அவர்கள். அந்த நெரிசலை அழகு என்று நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. நெரிசலில் நிற்கும் மனிதர்களைப் பற்றி எழுதினேன். இரண்டும் வேறு.

இனி உங்களிடம் கோபித்துக்கொள்ள வேண்டிய இடத்துக்கு வருகிறேன். 'மந்தை' என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகள் உங்களோடு தோளை உரசி நின்றவர்களை, உங்கள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவர்களை, கார் வாங்கிய சில மாதங்களில் மந்தை என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? மும்பையில் பெட்டிக்குள் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் வரை நிற்கும் நிலைக்கு ரயில் அதிகாரிகள் 'சூப்பர் டென்ஸ் கிரஷ் லோட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லோட் என்றால் சுமை. அவர்கள் மனிதரைச் சுமை என்கிறார்கள், நீங்கள் மந்தை என்கிறீர்கள். அதிகாரி ரயிலுக்கு வெளியே இருந்து பார்ப்பவர், அவர் சொல்லட்டும். உள்ளே நின்றவர் நீங்கள்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். 2009 அல்லது 2010 ஆக இருக்கலாம், ஒரு மாலை நேரம். கடற்கரையில் ஏறியதால் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்திருந்தது. மூவர் உட்காரும் இருக்கை. எனக்குப் பக்கத்தில் வயதான ஓர் அம்மாள், அவருக்கு அப்பால் ஒரு கல்லூரிப் பெண். எழும்பூரில் ஒரு நடுத்தர வயதுப் பெண் ஏறி எங்களுக்கு நேரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். துப்புரவுப் பணியாளரின் நீல மேலங்கி போட்டிருந்தார். நிற்க முடியாமல் கால் மாற்றி மாற்றி நின்றார். நான் பார்த்தேன், பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கும் அன்று களைப்பு. நுங்கம்பாக்கம் தாண்டியதும் பக்கத்திலிருந்த அம்மாள் என் முழங்காலில் ஒரு விரலால் தட்டினார். "நாலு விரக்கட நகரும்மா, அவளும் உக்காரட்டும்" என்றார். என்னைத் திட்டவில்லை. கறிவேப்பிலை கேட்பது போலக் கேட்டார். நான் நான்கு விரற்கடை, அதாவது நான்கு விரல் அகலம், நகர்ந்தேன், அவர் நான்கு விரற்கடை நகர்ந்தார், கல்லூரிப் பெண் நான்கு விரற்கடை நகர்ந்து எழுந்து, அந்தப் பெண்ணை நடுவில் உட்காரவைத்து, தான் ஓரத்தில் ஒரு பக்கமாக ஒண்டிக்கொண்டாள். மூன்று பேர் ஆளுக்கு நான்கு விரற்கடை கொடுத்தால் நான்காவது ஆளுக்கு இடம் வந்துவிடுகிறது என்பதை எனக்கு அளந்து காட்டியது அந்த மாலைதான்.

கிண்டி வருவதற்குள் அந்தப் பெண் தூங்கிவிட்டார். தலை சரிந்து என் பக்கமாக வந்தது. நடுவில் இருந்த அம்மாள் பல்லாவரத்தில் இறங்கியதும் என் தோளிலேயே சாய்ந்தது. தலைமுடியில் பினாயில் வாசம். எனக்கு முதலில் அருவருப்பாகத்தான் இருந்தது. அடுத்தவர் வியர்வை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த வாசம்தான். குரோம்பேட்டையில் நான் எழுந்தாக வேண்டும். அவரை எழுப்பாமல் எப்படி எழுவது என்று தெரியாமல் தவித்தேன். கல்லூரிப் பெண் தன் பையை மடித்து அவர் தலைக்கும் ஜன்னலுக்கும் நடுவே செருகிவிட்டு, "நீங்க இறங்குங்க ஆண்ட்டி, நான் தாம்பரம்தான்" என்றாள். அந்த மூவரின் பெயரும் எனக்குத் தெரியாது. மந்தையில் இப்படி நடக்குமா, தம்பி? உங்கள் காரில் நான்கு இருக்கைகள் காலியாகப் போகின்றன. அவற்றில் ஒரு விரற்கடையையாவது இதுவரை யாருக்காவது உங்களால் கொடுக்க முடிந்ததா?

நீங்கள் கெட்டவர் என்று சொல்லவில்லை. கொடுக்க வழியில்லாத ஏற்பாட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டீர்கள் என்கிறேன். அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று எனக்கு உண்டு. வேறு இடங்களில் எழுதியிருக்கிறேன், மறுபடியும் எழுதுகிறேன்.

1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலமும் சைதாப்பேட்டையும் பல்லாவரமும் குரோம்பேட்டையும் இன்றுள்ள அளவுக்குப் பெருகியது அந்தத் தண்டவாளத்தின் ஓரமாகத்தான். அந்த வண்டியில் ஒரு காலத்தில் எல்லோரும் போனார்கள். நான் ஏறத் தொடங்கிய ஆண்டுகளில்கூட, உயர்நீதிமன்ற வழக்கறிஞரும் வங்கி மேலாளரும் துறைமுகக் கூலித் தொழிலாளியும் பூக்காரம்மாவும் ஒரே வண்டியில் இருந்தார்கள். வண்டி இருபது நிமிடம் தாமதமானால் மறுநாள் நாளிதழின் ஆசிரியர் கடிதப் பகுதியில் அது வரும். நடைமேடை விளக்கு எரியாவிட்டால் பயணிகள் சங்கத்தின் பெயரில் யாராவது மனு எழுதுவார்கள். எழுதியவர்கள் எழுதத் தெரிந்தவர்கள். அவர்கள் எழுதியதால் விளக்கு எல்லோருக்கும் எரிந்தது.

பிறகு கடன் எளிதாயிற்று. முதலில் இருசக்கர வண்டி, அப்புறம் கார். எழுதத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். அவர்களோடு குரலும் இறங்கிப் போயிற்று. இன்று காலை வண்டியில் நிற்பவர்களில் பெரும்பாலோர் காவலாளிகள், கட்டடத் தொழிலாளர்கள், வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள், துணிக்கடைப் பிள்ளைகள், மாணவர்கள். வண்டி தாமதமானால் அவர்களுக்குக் கூலி பிடிக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை. அரசுப் பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் நேர்ந்தது இதுதான். வசதி உள்ளவர் விலகியதும் அந்த இடம் கேட்பாரற்றுப் போகிறது; கேட்பாரற்றுப் போனதால் இன்னும் மோசமாகிறது; மோசமாக இருக்கிறது என்று அடுத்தவரும் விலகுகிறார். நீங்கள் விலகியதும் அந்த வரிசையில்தான்.

உங்கள் ஊர் விஷயத்தையே பாருங்கள். தாம்பரத்தோடு நின்றிருந்த நகரம் கடந்த இருபது ஆண்டுகளில் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று தெற்கே நீண்டுவிட்டது. ஆனால் தாம்பரத்துக்கு வடக்கே வண்டி விடும் அடர்த்தியில் தெற்கே விடுவதில்லை. அங்கே புறநகர் வண்டி தென்மாவட்ட விரைவு வண்டிகளோடு தண்டவாளத்தைப் பங்குபோட்டுக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. செங்கல்பட்டு வரை மூன்றாவது பாதை போட்டார்கள், ஒன்பது பெட்டி வண்டிகளைப் பன்னிரண்டு பெட்டிகளாக நீட்டினார்கள். இரண்டும் நல்ல காரியங்கள். ஆனாலும் நீங்கள் ஒற்றைக் காலில் நின்றதற்குக் காரணம் உங்களைச் சுற்றி நின்றவர்கள் இல்லை, பத்து நிமிடத்தில் வந்திருக்க வேண்டிய அடுத்த வண்டி வராததுதான். கோபத்தை வராத வண்டியின் மேல் வைக்காமல் பக்கத்தில் நின்றவர் மேல் வைத்துவிட்டீர்கள்.

சாலைக்கோ எல்லாம் கேட்காமலே கிடைக்கிறது. 2008-இல் கத்திப்பாரா மேம்பாலம் திறந்தார்கள். இரும்புலியூரிலிருந்து வண்டலூர் வரை எட்டு வழியாக அகலப்படுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் சில மாதம் சாலை காலியாக இருக்கும்; காலியாக இருக்கிறதே என்று உங்களைப் போன்ற இன்னும் ஆயிரம் பேர் காரை எடுப்பார்கள்; அவ்வளவுதான். அந்த ஆயிரம் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நிறுத்தினால் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளும். அதே ஆயிரம் பேரைப் பன்னிரண்டு பெட்டி வண்டி ஒன்று உட்காரவைத்தே கொண்டுபோய்விடும்; நிற்பவர்கள் தனிக் கணக்கு. இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டுக் கார்ச் சாவியை எடுக்கிறார்கள்.

2025 ஏப்ரலில் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே குளிர்சாதன மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. கதவு தானாக மூடிக்கொள்ளும்; படியில் தொங்க முடியாது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியில் அது 5 ரூபாய். மூடும் கதவு 35 ரூபாய் கொடுப்பவருக்கு மட்டும் என்பது எனக்கு உறுத்துகிறது. படியில் தொங்கிப் போகிறவர்களில் பலர் அந்தக் கட்டணம் கொடுக்கக்கூடியவர்கள் இல்லை. ஆனால் உங்களால் கொடுக்க முடியும். தவணை கட்டுபவருக்கு அது பெரிய தொகை இல்லை. நேரம் ஒத்துவந்தால் வாரத்தில் இரண்டு நாளாவது அதில் ஏறுங்கள். ஒத்துவராவிட்டால், ஏன் ஒத்துவரவில்லை, காலையில் எத்தனை மணிக்கு வேண்டும், சாதாரண வண்டிக்கும் கதவு எப்போது வரும் என்று ரயில்வே கோட்ட மேலாளருக்கு எழுதுங்கள். எனக்கு இவ்வளவு தெளிவாகக் கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு அவருக்கும் எழுதத் தெரியும்.

நீங்கள் செய்தது சரியா என்று கேட்டீர்கள். என்னிடம் கேட்பதற்கு முன் உங்கள் அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும், ஆனால் இந்தக் கேள்வியை இல்லை. முப்பது ஆண்டுகள் எந்தப் பெட்டியில் ஏறினார், எந்த இடத்தில் நின்றார், கூடப் போனவர்கள் யார், அவர்களில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். தான் இறங்கிய நிலையத்தில் படிக்கட்டுக்கு நேராக எத்தனையாவது பெட்டி நிற்கும் என்பதை அவர் இன்றும் சொல்லுவார். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். அவர் சம்மதித்தால் அந்தக் கடிதத்தை இங்கே முழுமையாக வெளியிடுகிறேன்.

அன்புடன்.