பால் டீ கூட்டணி – கடிதம்

அன்புள்ள தோழருக்கு,

மியான்மர் பற்றிய உங்கள் குறிப்பில் ‘பால் டீ கூட்டணி’ என்று, ஹாங்காங், தைவான், தாய்லாந்து, மியான்மர் பிள்ளைகள் இணையத்தில் கைகோர்த்த ஒன்றைச் சிலாகித்திருந்தீர்கள். பேரனிடம் கேட்டேன், போனில் காட்டினான். டீ கிளாஸ் படமும் கேலிச்சித்திரமுமாக ஓடுகிறது. இதுவா சர்வதேசியம்? எங்கள் மில் ஸ்டிரைக்கில் கஞ்சித்தொட்டி வைத்து நாற்பது நாள் ஓட்டினோம். அமைப்பு இருந்தது, தலைமை இருந்தது, கொள்கை இருந்தது. இந்தப் பிள்ளைகளிடம் என்ன இருக்கிறது? ஹாங்காங்கில் சிறை, தாய்லாந்தில் கட்சிக்குத் தடை, மியான்மரில் பிணம். எங்கே ஜெயித்தார்கள்? கோபத்தில் எழுதவில்லை, புரியாமல்தான் கேட்கிறேன்.

க., கோவை

அன்புள்ள தோழர் க. அவர்களுக்கு,

கோபம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, இருக்கட்டும்.

இது ஆரம்பித்த விதம் நீங்கள் நினைப்பதைவிடவும் அற்பமானது. 2020 ஏப்ரலில் தாய்லாந்தின் இளம் நடிகர் ஒருவர், சீனாவின் பகுதியான ஹாங்காங்கை நாடு என்று குறிப்பிட்ட ஒரு ட்விட்டர் பதிவுக்கு லைக் போட்டுவிட்டார். சீன தேசபக்தர்கள் படையாகக் கிளம்பி வந்து அவரையும் அவர் காதலியையும் வறுத்தெடுத்தார்கள். தாய்லாந்துப் பிள்ளைகள் மசியவில்லை என்றதும் அந்த நாட்டு அரசையும் ராஜாவையும் ஏசத் தொடங்கினார்கள். வேடிக்கை அங்கேதான். ராஜாவைப் பழித்தால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை என்று சட்டம் உள்ள நாடு அது. தாங்கள் வாயைத் திறக்க முடியாத விஷயத்தை எவனோ வந்து ஓசியில் பேசித் தருகிறான்! இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள் என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். அரசைத் திட்டினால் எவனுக்கும் ரத்தம் கொதிக்கும் என்று நம்பி வந்தவர்களுக்கு அப்புறம் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

ஹாங்காங், தைவான் பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரித்தபடி சேர்ந்துகொண்டார்கள். தைவானில் ஜவ்வரிசி உருண்டை மாதிரி போட்ட பால் டீ, ஹாங்காங்கில் துணியில் வடித்த கெட்டி டீ, தாய்லாந்தில் ஆரஞ்சு நிற டீ. சீனர்கள் வழக்கமாகப் பால் சேர்ப்பதில்லை. பெயர் அப்படி வந்ததுதான். 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மியான்மர்க்காரர்களும் தங்கள் கிளாஸோடு வந்து உட்கார்ந்தார்கள்.

சரி, இதுவரை விளையாட்டுதான். ஆனால் உங்கள் கஞ்சித்தொட்டியையே எடுத்துக்கொள்வோம். எத்தனை பேருக்கு எத்தனை படி அரிசி, விறகுக்கு யாரிடம் போவது, மளிகைக்கடையில் எத்தனை நாள் கடன் ஓடும்? இதெல்லாம் எந்தக் கொள்கைப் புத்தகத்திலும் இருந்திருக்காது. உங்களுக்கு முன்னால் ஸ்டிரைக் செய்த வேறு மில்காரர் யாராவது வந்து சொல்லித் தந்திருப்பார். அவருடைய ஸ்டிரைக் தோற்றுக்கூடப் போயிருக்கலாம். இந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டதும் பெரும்பாலும் அந்த மாதிரி கைப்பழக்கத்தைத்தான்.

2019இல் ஹாங்காங் தெருவில் கண்ணீர்ப்புகைக் குண்டு வந்து விழுந்தால், ஒருவர் ஓடிப்போய் போக்குவரத்துக் கூம்பு ஒன்றை அதன்மேல் கவிழ்ப்பார். புகை உச்சித் துளை வழியாக மட்டும்தான் வர முடியும். இன்னொருவர் அந்தத் துளையில் தண்ணீரை ஊற்றுவார். குண்டு செத்தது. முன்வரிசைக்கு ஹெல்மெட் வேண்டுமா, இரு கைகளையும் தலைமேல் வை. கண்ணாடி வேண்டுமா, விரல்களை வளைத்துக் கண்ணில் வை. அந்த இரைச்சலில் குரல் எடுபடாது. சைகை ஆள் ஆளாகப் பின்வரிசைவரை போகும், பொருள் அதே வழியில் கைமாறி முன்னால் வரும்.

2020 அக்டோபர் 16 அன்று பாங்காக்கின் பதும்வான் சந்திப்பில் நீலச் சாயமும் எரிச்சலூட்டும் ரசாயனமும் கலந்த தண்ணீரைப் போலீஸ் பீய்ச்சியடித்தது. கூட்டம் குடைகளை விரித்து நின்றது. அடுத்த நாட்களில் அங்கேயும் சைகைகள், கைமாற்றும் வரிசைகள், ஒரே நேரத்தில் பல ரயில் நிலையங்களில் கூடிக் கலையும் உத்தி. ஹாங்காங்கிலிருந்து யாரும் வந்து வகுப்பெடுக்கவில்லை. வர விட்டதும் இல்லை. 2016இலேயே, தம்மசாட் பல்கலைக்கழகப் படுகொலையின் 40ஆம் ஆண்டு நினைவையொட்டிப் பேச பாங்காக் மாணவர்கள் அழைத்திருந்த ஹாங்காங் மாணவர் தலைவர் ஜோஷுவா வாங்கை விமான நிலையத்திலேயே பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மியான்மரில் போராட்டம் தொடங்கியபோது ஹாங்காங் அனுபவக் குறிப்புகள் பர்மிய மொழியில் கிடைத்தன.

எல்லாமே இரவல் என்றும் நினைத்துவிடாதீர்கள். பெண்கள் உடுத்திய லுங்கிக்குக் கீழே நடந்தால் ஆணின் வீரியம் போய்விடும் என்று பர்மியர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. (கொடியில் காயும் பாவாடைக்கு அடியில் போனதற்கு என் பாட்டியிடம் நானும் வாங்கிக் கட்டியிருக்கிறேன்.) 2021 மார்ச்சில் யாங்கோன் பெண்கள் தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டி லுங்கிகளைத் தொங்கவிட்டார்கள். கையில் துப்பாக்கியோடு வந்த படை நின்றது. ஒருவன் லாரிமேல் ஏறி ஒவ்வொன்றாக அவிழ்த்த பிறகே வண்டி நகர்ந்தது. உலகத்தில் எந்தக் கையேட்டிலும் இது இருந்திருக்க முடியாது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஒன்று. 2017இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு விரட்டப்பட்டபோது பர்மியப் பெரும்பான்மையினர் பலர் ராணுவத்தின் பக்கம் நின்றார்கள், அல்லது பேசாமல் இருந்தார்கள். அதே ராணுவம் தங்கள் தெருவுக்கு வந்ததும் ஏராளமான இளைஞர்கள் பெயர் போட்டே மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். அகதி முகாம்களிலிருந்து ரோஹிங்கியாக்கள் எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரல் உயர்த்திய படங்களை அனுப்பினார்கள். தாமதம்தான், அடிபட்ட பிறகு வந்த ஞானம்தான். ஆனாலும் தைவான்காரனோடு சேர்வதைவிட இது கஷ்டமான சேர்க்கை.

தோற்றதைப் பற்றி நீங்கள் சொன்னதில் நான் மறுக்க ஒன்றுமில்லை. ஜோஷுவா வாங்குக்கு 2024 நவம்பரில் 4 ஆண்டு 8 மாதம். 2023 தேர்தலில் 151 இடங்களோடு முதலில் வந்த தாய்லாந்தின் மூவ் ஃபார்வர்ட் கட்சிக்கு ஆட்சி கிடைக்கவில்லை, மறு ஆண்டு ஆகஸ்டில் கட்சியே கலைக்கப்பட்டது. மியான்மரில் போலீஸ் சுட ஆரம்பித்த அன்றோடு கூம்பும் குடையும் பயனற்றுப்போயின. மாண்டலேயில் 19 வயதுப் பெண் ஒருத்தி ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று எழுதிய பனியனோடு செத்தாள். அதற்கப்புறம் பலர் காட்டுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்தார்கள். அந்த இடத்தில் தைவானோ ஹாங்காங்கோ சொல்லித்தர எதுவும் இல்லை.

உங்கள் சந்தேகத்துக்கு வலு சேர்க்க நானே ஒன்று தருகிறேன். 2020இல் சீனாவோடு நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு நம்மூர்க்காரர்கள் சிலரும் மசாலா டீயோடு இந்தக் கூட்டணியில் புகுந்தார்கள். ராமர் டிராகனை நோக்கி வில்லை வளைக்கும் படம் ஹாங்காங்கிலிருந்து வந்தது, இங்கே கொண்டாடினார்கள். அதில் ஜனநாயகம் எங்கே இருக்கிறது? பொது எதிரி ஒருவன் இருந்தான், அவ்வளவுதான். கொள்கை எங்கே என்று நீங்கள் கேட்பது இங்கே செல்லும்.

அந்த மூன்று விரலை நீங்களும் பேரன் போனில் பார்த்திருப்பீர்கள். ‘ஹங்கர் கேம்ஸ்’ படத்தில் வரும் சைகை. 2014 மே மாத ராணுவப் புரட்சிக்குப் பிறகு பாங்காக் மாணவர்கள் அதை எடுத்தார்கள், விரலை உயர்த்தியதற்கே அவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏழு வருடம் கழித்து மியான்மர் மருத்துவமனைகளில் டாக்டர்களும் நர்சுகளும் உயர்த்தினார்கள். 2021 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில், ஐ.நா. பொதுச் சபையில், மியான்மர் தூதர் க்யாவ் மோ துன் ராணுவத்துக்கு எதிராகப் பேசிவிட்டு, கடைசியில் பர்மிய மொழிக்கு மாறி, அதே மூன்று விரலைக் காட்டினார். நடுவயதுக்காரர், கோட்டு சூட்டு, அரசாங்க உத்தியோகம். மறுநாளே ராணுவம் அவரைப் பதவிநீக்கியது. ஐ.நா. அதை ஏற்கவில்லை. அடுத்த பல வருடங்கள் அந்த நாற்காலியில் அவரேதான் உட்கார்ந்திருந்தார்.