வாசகர் கேள்வி பதில்: கட்டடம் உண்ணும் மின்சாரத்தைக் கணக்கு எழுதிக் கொடுப்பது எப்படி?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, சுங்கை சிப்புட்டில் வசிக்கும் நான் ஈப்போவிலுள்ள ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வரைவாளராக வேலை செய்கிறேன். எங்களோடு இணைந்து பணியாற்றும் அமெரிக்க நிறுவனம் ஒன்று, கட்டடங்களின் ஆற்றல் செலவைக் குறைப்பதாகத் தான் ஏற்றுக்கொண்ட ‘2030 உறுதிமொழி’க்காக எங்கள் கட்டடங்களின் ஆற்றல் விவரங்களையும் ஆண்டுதோறும் கேட்கிறது. எங்கள் ஊரில் பழைய பால்மரத் தோட்டத்தை ஒட்டி எழவிருக்கும் இரண்டு மாடிக் கிளினிக்குக்கு சதுர அடிக்கான ஆற்றல் செலவு என்று நான் எழுதி அனுப்பிய எண் 11. இது நம்பும்படியாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணினிக் கணிப்பின்படி ஆண்டு மின்செலவு 74,400 யூனிட். தரைப்பரப்பு 6,674 சதுர அடி. பல முறை வகுத்துப் பார்த்துவிட்டேன், அதே எண்தான் வருகிறது. எங்கே தவறினேன்? – ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, உங்கள் வகுத்தலில் பிழையில்லை; பிழை அலகில் இருக்கிறது. 74,400-ஐ 6,674-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு ஏறத்தாழ 11 யூனிட், அதாவது 11 கிலோவாட் மணி கிடைக்கும். அமெரிக்கர்கள் கேட்பதோ ஆண்டுக்குச் சதுர அடிக்கு எத்தனை ஆயிரம் பி.டி.யூ. என்பதை. பி.டி.யூ. என்பது ஆற்றலை அளக்கும் ஓர் அலகு; குளிர்சாதனக் கடையில் விலை கேட்கும்போது, மணிக்கு இத்தனை என்று காதில் விழும் அதே பி.டி.யூ.தான். ஒரு யூனிட் 3,412 பி.டி.யூ.வுக்குச் சமம் என்பதால், உங்கள் கிளினிக்கின் சரியான எண் 38. நம் நாட்டு வழக்கப்படி சதுர மீட்டரில் சொல்வதானால், 620 சதுர மீட்டருக்கு 74,400 யூனிட், அதாவது சதுர மீட்டருக்கு ஆண்டொன்றுக்கு 120 யூனிட் ஆகும். சதுர மீட்டர்க் கணக்கை 3.155-ஆல் வகுத்தால் அவர்கள் கேட்கும் எண் வந்துவிடும். இந்த ஓர் எண்ணை மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிழை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதையும் பார்த்துவிடுவோம். அந்த உறுதிமொழி, எட்வர்ட் மஸ்ரியா 2002-இல் தொடங்கிய ‘ஆர்க்கிடெக்சர் 2030’ அமைப்பு 2006-இல் விடுத்த அறைகூவலை ஏற்று, அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் 2009-இல் கொண்டுவந்தது. 2003-ஆம் ஆண்டின் அமெரிக்க வணிகக் கட்டட ஆற்றல் செலவு ஆய்வை அடிப்படையாகக் கொண்டு, அதிலிருந்து எத்தனை விழுக்காடு குறைத்தோம் என்று கணக்கிடுகிறார்கள். 2020 முதல் 80 விழுக்காடு, 2025 முதல் 90 விழுக்காடு, 2030-இல் கார்பன் சமநிலை என்பது இலக்கு. பேச்சுக்காக உங்கள் கிளினிக்கின் அடிப்படை எண் 60 என்று வைத்துக்கொள்வோம். சரியான 38-ஐ எழுதினால் குறைப்பு 37 விழுக்காடு. தவறான 11-ஐ எழுதினால் 82 விழுக்காடு. ஓர் அலகை மாற்றி எழுதியதாலேயே, சராசரியான ஒரு கட்டடம் 2020-ஆம் ஆண்டின் இலக்கைத் தாண்டிவிடுகிறது. அவர்கள் திருப்பி அனுப்பியதற்காக வருந்தாதீர்கள். அங்கே ஒருவர் எண்ணை உண்மையில் படித்துப் பார்க்கிறார் என்பது நல்ல செய்தி.

பரப்பளவைப் பற்றியும் ஒரு சொல். அவர்கள் கேட்பது மொத்தத் தரைப்பரப்பு. குளிரூட்டிய அறைகளின் பரப்பு மட்டும் அல்ல. ஆனால் அதே கட்டடத்துக்கு நம் நாட்டின் பசுமைக் கட்டடக் குறியீட்டுச் சான்றிதழும் கோருவதாக இருந்தால், அங்கே கணக்கு முறை வேறு. கார் நிறுத்துமிடத்தின் மின்செலவையும் பரப்பையும் அதில் கழித்துவிடுவார்கள். வேலை நேரத்தையும் வாரத்துக்கு 52 மணி என்ற அளவுக்குச் சரிசெய்வார்கள். ஆகவே ஒரே கட்டடத்துக்கு இரண்டு எண்கள் வருவதில் முரண்பாடு இல்லை. ஒன்றை மற்றொன்றின் கட்டத்தில் எழுதுவதுதான் தவறு. பால் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதன்று. வாளியின் எடையை வைத்துக் கூலி போடாமல், கொட்டகையில் உலர் ரப்பர் அளவைக் கணக்கிட்ட பிறகுதானே தோட்டக் கணக்கரான கிராணி ஏட்டில் எழுதுவார்?

கேள்வி: ஐயா, நானும் அத்தகைய அலுவலகம் ஒன்றில்தான் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு எங்கள் பட்டணத்தில் இரண்டு கடைவீடுகளைப் புதுப்பித்தோம். அவற்றுக்குக் கணினிக் கணிப்பு எதுவும் செய்யவில்லை. கணிப்பு இல்லாதவற்றையும் குறைப்பு மிகக் குறைவாக உள்ளவற்றையும் விட்டுவிட்டு, சிறந்த மூன்று கட்டடங்களை மட்டும் அனுப்பலாம் என்கிறார் மேலாளர். சரியா? – ஒரு வாசகர், பேராக்

பதில்: சரியில்லை. அந்த உறுதிமொழியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. விருது வாங்கிய ஒரு கட்டடத்தைக் காட்ட வேண்டும் என்று அது கேட்கவில்லை. அந்த ஆண்டில் அலுவலக மேசைகளில் வடிவமைப்பில் இருந்த எல்லாக் கட்டடங்களையும் சேர்த்து, இந்த நிறுவனம் மொத்தத்தில் எங்கே நிற்கிறது என்று கேட்கிறது. கணிப்பு செய்யாத கட்டடத்துக்கு, அது எந்த ஆற்றல் விதிமுறையின்படி வடிவமைக்கப்பட்டது என்று குறிப்பிட்டால் போதும். 2015 முதல் பயன்பாட்டில் இருக்கும் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் தரவுப் பரிமாற்றத் தளம் அதற்குரிய மதிப்பீட்டை எடுத்துக்கொள்ளும். கட்டடத்தின் வெளிச்சுவரைத் தொடாமல் உட்புறத்தை மட்டும் மாற்றியிருந்தால், சதுர அடிக்கு எத்தனை வாட் விளக்கு என்ற கணக்கைக் கொடுக்க வேண்டும். உங்கள் கடைவீடுகள் இந்த வகையில் வரக்கூடும்.

கடைவீடுகளைச் சேர்த்தால் சராசரி சரிந்துவிடும் என்று உங்கள் மேலாளர் அஞ்சுவது, சராசரி போடும் முறை தெரியாததால் இருக்கலாம். இங்கே பரப்பளவைக் கொண்டுதான் எடை போடுகிறார்கள். 9,000 சதுர மீட்டர்க் கட்டடம் ஒன்றில் 70 விழுக்காடும், 1,000 சதுர மீட்டர்க் கட்டடம் ஒன்றில் 10 விழுக்காடும் குறைத்திருந்தால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 40 என்று சொல்லமாட்டார்கள். 64 என்றுதான் வரும். கடைவீடு உங்களைக் கவிழ்த்துவிடாது. கவிழ்ப்பதாக இருந்தால் அது அலுவலகத்தின் பெரிய கட்டடம்தான். மேலாளர் கவலைப்பட வேண்டிய இடமும் அதுவே. போதாததற்கு, தனித்தனிக் கட்டடங்களின் எண்களை அக்கழகம் பெயர் சொல்லி வெளியிடுவதில்லை. மறைப்பதற்கு அவசியமே இல்லாத ஒன்றை ஏன் மறைக்க வேண்டும்?

கேள்வி: நாங்கள் வடிவமைத்துக் குடிபுகுந்துவிட்ட ஓர் அலுவலகத்தின் மின்கட்டணப் பில்கள், எங்கள் கணிப்பைவிடக் கூடுதலாகக் காட்டுகின்றன. அறிக்கையில் எதை எழுதுவது?

பதில்: வடிவமைப்பு ஆண்டுக்கான அறிக்கையில் கணித்த எண்ணையே எழுதுங்கள், பில்லைப் பார்த்துவிட்டுப் பழைய கணிப்பைத் திருத்தாதீர்கள். பில் எண்ணைத் தனி ஏட்டில் வையுங்கள். இரண்டும் விலகுவது வெட்கப்படத்தக்கதன்று. புத்ராஜெயாவில் 2004-இல் கட்டி முடிக்கப்பட்ட ‘லியோ’ என்னும் குறைந்த ஆற்றல் அலுவலகக் கட்டடமே, ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 100 யூனிட் என்ற இலக்கோடு எழுந்து, குடிபுகுந்த தொடக்கத்தில் அதைச் சற்றுத் தாண்டித்தான் நின்றது. அளந்து பார்த்ததால்தான் அதைத் திருத்திக்கொண்டே போக முடிந்தது. உங்கள் அலுவலகத்தில் காரணம் மிக எளியதாக இருக்கலாம்: கணிப்பில் 24 பாகை என்று எழுதிய குளிர்சாதனத்தை ஊழியர்கள் 18-இல் வைத்திருக்கலாம், சனிக்கிழமை முழுவதும் திறந்திருக்கலாம், அல்லது தரைத்தளத்துக் கண்ணாடிக் கதவை வாடிக்கையாளர் வசதிக்காக நாள் முழுவதும் திறந்தே வைத்திருக்கலாம். ஒரு புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு அங்கே போய் நின்று பாருங்கள்.

பில்களைச் சேர்த்து வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்துள்ள நம் நாட்டு ஆற்றல் திறன், சேமிப்புச் சட்டத்தின்படி, 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அலுவலகக் கட்டடங்களுக்கு ஆற்றல் செறிவு முத்திரை, அதாவது பரப்புக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று காட்டும் முத்திரை தேவை. அது கணிப்பைக் கேட்காது, உண்மையில் செலவான மின்சாரத்தைத்தான் கேட்கும். கட்டட உரிமையாளரிடம் பன்னிரண்டு மாதப் பில்களைக் கேட்டு வாங்கும்போது, ‘அங்காரான்’ என்று அச்சிட்டுள்ள மாதங்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அவை மீட்டரைப் பார்த்து எழுதியவை அல்ல, மதிப்பிட்டு எழுதியவை. அடுத்து வரும் உண்மையான மீட்டர் அளவு வரை காத்திருந்து, பிறகு கூட்டுங்கள்.